காரைக்குடிப் பக்கம் மனை வாங்குமுன் மனைப்பிரிவு அனுமதியைச் சரிபார்ப்பது எப்படி?

கோட்டையூரில் எங்கள் தெருவில் இருக்கும் ஆச்சி ஒருவர், சிங்கப்பூரில் வேலை பார்க்கும் மகனுக்காகத் திருப்பத்தூர் சாலைப் பக்கம் மனை பார்த்துவிட்டு, வழவழப்பான துண்டறிக்கை ஒன்றை என்னிடம் கொண்டுவந்தார். “டி.டி.சி.பி. அப்ரூவ்டுன்னு போட்டிருக்கு, ரெரா நம்பரும் போட்டிருக்கு. இதுக்கு மேல என்னப்பா பாக்கணும்?” என்று கேட்டார். டி.டி.சி.பி. என்பது நகர் ஊரமைப்பு இயக்ககம்; ரெரா என்பது மனை வணிக ஒழுங்குமுறைச் சட்டம், அதன்படி அமைந்த குழுமத்தையும் அப்படியே சொல்வார்கள். அன்று மாலை அவருக்கு நான் வரிசையாகச் செய்து காட்டியவற்றை, பத்திர விவகாரங்களில் முன்பழக்கம் இல்லாதவர்களுக்காக இங்கே எழுதுகிறேன். செல்பேசியும், பொறுமையும், ஒரு நாள் அலைச்சலும் இருந்தால் போதும்.

தொடங்குமுன் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். ‘அனுமதி’ என்பது ஒரே தாளில் முடிகிற காரியம் அன்று. மனைப்பிரிவு போடுகிறவர் முதலில் நகர் ஊரமைப்பு இயக்ககத்திடம் வரைபடத்தைக் கொடுத்துத் தொழில்நுட்ப ஒப்புதல் பெறுகிறார். பிறகு சாலைகளையும் பூங்கா இடத்தையும் உள்ளாட்சி அமைப்புக்குத் தானப் பத்திரம் மூலம் பதிவு செய்து ஒப்படைக்கிறார். அதன் பின்னரே மாநகராட்சியோ, பேரூராட்சியோ, ஊராட்சியோ இறுதி அனுமதி வழங்குகிறது. பலர் முதல் படியில் கிடைத்த எண்ணைத் துண்டறிக்கையில் அச்சிட்டு விற்பனையைத் தொடங்கிவிடுகிறார்கள். இடைப்பட்ட தானப் பத்திரம் பதிவாகியிருக்கிறதா என்பதுதான் என்னைப் பொறுத்தவரை முதல் கேள்வி.

படி 1: தாள்களைக் கேட்டு வாங்குங்கள்

விற்பவரிடம் சர்வே எண்கள், இயக்ககத்தின் ஒப்புதல் எண்ணும் முத்திரையிட்ட வரைபடமும், உள்ளாட்சியின் இறுதி ஆணை, தானப் பத்திரத்தின் ஆவண எண், ரெரா பதிவு எண் ஆகியவற்றைக் கேளுங்கள். நகல் தரத் தயங்குகிறவரிடம் மேற்கொண்டு பேசுவதில் பயனில்லை. காரைக்குடி 2024-இல் மாநகராட்சியானபோது பக்கத்து ஊர்கள் சில அதனுடன் சேர்ந்தன. ஆகவே பழைய மனைப்பிரிவின் ஆணை அன்றைய பேரூராட்சியின் அல்லது ஊராட்சியின் பெயரில் இருந்தால் அதைப் பிழையென்று எண்ண வேண்டியதில்லை.

‘பஞ்சாயத்து அப்ரூவல்’ என்று மட்டும் சொன்னால் எச்சரிக்கையாக இருங்கள். இயக்ககத்தின் ஒப்புதல் இல்லாமல் தாமாகவே ஒரு மனைப்பிரிவுக்கு அனுமதி தரும் அதிகாரம் ஊராட்சித் தலைவருக்குக் கிடையாது.

படி 2: ரெரா எண்ணை இணையத்தில் தேடுங்கள்

2016-ஆம் ஆண்டின் மனை வணிகச் சட்டப்படி, நிலப்பரப்பு 500 சதுர மீட்டரைத் தாண்டினாலோ, எட்டுக்கு மேற்பட்ட குடியிருப்புகள் கட்டப்பட்டாலோ அந்தத் திட்டம் ஒழுங்குமுறைக் குழுமத்தில் பதிவாக வேண்டும். 500 சதுர மீட்டர் என்பது நம் கணக்கில் ஏறத்தாழ 12 சென்ட். ஆகவே சாலையோரத்தில் கொடி கட்டி விற்கப்படும் மனைப்பிரிவுகள் ஏறக்குறைய அனைத்தும் இதற்குள் வந்துவிடும். விளம்பரத்தில் பதிவு எண்ணைக் குறிப்பிடுவதும் கட்டாயம்.

குழுமத்தின் இணையதளத்தில் அந்த எண்ணைத் தேடி, அங்கே காணும் சர்வே எண்களையும் மனைகளின் எண்ணிக்கையையும் உங்கள் கையிலுள்ள வரைபடத்துடன் வரிக்கு வரி ஒப்பிடுங்கள். ஆச்சியின் துண்டறிக்கை சிக்கியது இந்த இடத்தில்தான். எண் உண்மையானது, ஆனால் அது முதல் கட்டத்துக்கு உரியது. அவருக்குக் காட்டப்பட்ட மனையோ, வேலிக்கு அப்பால் புதிதாகக் கல் நட்ட இரண்டாம் கட்டத்தில் இருந்தது. கட்டம் கட்டமாக விற்றால் ஒவ்வொரு கட்டமும் தனித் திட்டமாகக் கருதப்பட்டுத் தனியே பதிவாக வேண்டும் என்று அதே சட்டம் சொல்கிறது.

படி 3: வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு நடந்து பாருங்கள்

இதற்கு அரை நாள் ஒதுக்குங்கள். தரகர் இல்லாமல் போவது நல்லது. 50 அடி அளவு நாடா ஒன்றை எடுத்துச் சென்று, வரைபடத்தில் ஒவ்வொரு சாலைக்கும் குறித்துள்ள அகலம் தரையில் இருக்கிறதா என்று அளந்து பாருங்கள். பிறகு பூங்கா இடத்தைத் தேடுங்கள்.

தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019-இன்படி, 3,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில் சாலைகள் நீங்கலான பரப்பில் 10 சதவீதம் திறந்தவெளியாக ஒதுக்கப்பட வேண்டும். 10,000 சதுர மீட்டர் வரை இடத்துக்குப் பதிலாகப் பணம் கட்டிவிடலாம். அதற்கு மேல் போனால் இடத்தையே கொடுத்தாக வேண்டும். 5 ஏக்கர் மனைப்பிரிவில் சாலைகளுக்கு ஒன்றரை ஏக்கர் போனதாக வைத்துக்கொண்டால், மீதி மூன்றரை ஏக்கரில் 35 சென்ட் பூங்காவாக இருக்க வேண்டும். 35 சென்ட் என்பது கண்ணுக்குத் தப்புகிற அளவு அன்று. அந்த இடத்தில் கல் நட்டு எண் எழுதியிருந்தாலோ, ‘பின்னால் கிளப் ஹவுஸ் வரும்’ என்று சொன்னாலோ, உள்ளாட்சிக்குத் தானம் செய்ததாகச் சொல்லப்படும் நிலத்தை அவர்கள் மறுபடியும் விற்கப் பார்க்கிறார்கள் என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன்.

படி 4: நிலத்தின் பழைய வரலாற்றைப் பாருங்கள்

செட்டிநாட்டுக்காரர்கள் மற்ற எல்லாவற்றையும்விட அதிகமாகக் கவனிக்க வேண்டியது இதுதான். நம் பகுதி ஆற்றுப் பாசனம் இல்லாத, மழையை நம்பிய பூமி. தெருவில் ஓடும் மழைநீர் ஊருணியில் சேரும்படி தெருக்களையும் வாட்டத்தையும் பார்த்து ஊர் கட்டியவர்கள் நம் முன்னோர். செம்மண் மேட்டிலிருந்து கண்மாய்க்கு நீர் கொண்டுவரும் வரத்துக்கால்கள் ஆண்டில் பத்து மாதம் வறண்டு, புல் மூடிக் கிடக்கும். கோடையில் மனை பார்க்கப் போகிறவருக்கு அது வெறும் பள்ளமாகவே தெரியும். ஐப்பசி, கார்த்திகை மழையில்தான் அது ஓடை என்பது தெரியவரும்.

வருவாய்த் துறையின் ‘எங்கிருந்தும் எந்நேரத்திலும்’ இணையச் சேவையில் மாவட்டம், வட்டம், கிராமம், சர்வே எண் ஆகியவற்றைக் கொடுத்துப் பட்டாவையும், புலப்படத்தையும் (நிலத்தின் எல்லைகளை அளந்து காட்டும் படம்), அ-பதிவேட்டையும் (ஒவ்வொரு சர்வே எண்ணின் வகையைச் சொல்லும் கிராமப் பதிவேடு) பாருங்கள். உங்கள் எண்ணை மட்டும் பார்த்து நிறுத்திவிடாமல், அதைச் சுற்றியுள்ள எண்களையும் பாருங்கள். பக்கத்து எண் ‘ஓடை’, ‘கண்மாய்’, ‘வாய்க்கால்’, ‘ஊருணி’ என்று புறம்போக்காகப் பதிவாகியிருந்தால், அதன் எல்லை மனைப்பிரிவின் எந்தப் பக்கத்தைத் தொடுகிறது என்பதைப் புலப்படத்தில் கண்டு, நீர்வளத் துறையின் தடையின்மைச் சான்றைக் கேளுங்கள். பிறகு ஊரில் ஆடு மேய்க்கிற பெரியவர் ஒருவரிடம், “மழை பெய்தா தண்ணி எந்தப் பக்கமாப் போகும் ஐயா?” என்று கேளுங்கள். எந்தச் சான்றிதழிலும் இல்லாத விவரம் அவரிடம் கிடைக்கும்.

படி 5: வில்லங்கம்

பதிவுத் துறையின் இணையதளத்தில் வில்லங்கத்தைக் கட்டணமின்றிப் பார்வையிடலாம். மூலப் பத்திரம், அடமானம், பொது அதிகார ஆவணம் (பவர் பத்திரம்) ஆகியவற்றோடு, முதல் படியில் வாங்கிய தானப் பத்திர எண்ணும் அதில் வருகிறதா என்று பாருங்கள். வரவில்லையென்றால், சாலை இன்னும் தனியார் சொத்தாகவே இருக்கிறது என்று பொருள்.

படி 6: ‘பதிவு ஆகிறதே’ என்ற வாதம்

‘பத்திரம்தான் பதிவாகிறதே, பிறகு அனுமதி எதற்கு?’ என்பதைப் பழைய மனைப்பிரிவுகளில் அடிக்கடி கேட்கலாம். அனுமதியற்ற மனைகளின் பதிவுக்குச் சென்னை உயர் நீதிமன்றம் 2016 செப்டம்பரில் தடை விதித்தது. பதிவுச் சட்டத்தின் 22-அ பிரிவும் அத்தகைய பதிவைத் தடுக்கிறது. ஆயினும் 20.10.2016-க்கு முன்பே வீட்டுமனையாகப் பதிவான இடத்தின் மறுகிரயம் பதிவாகக்கூடும். ஆகவே சார்பதிவாளர் அலுவலகத்தில் பத்திரம் பதிவாவதும் மனைக்கு அனுமதி இருப்பதும் வேறு வேறு. அத்தகைய மனைகளுக்கு 2017-ஆம் ஆண்டின் வரன்முறை விதிகளின்படி (அனுமதியற்ற மனைகளைப் பின்னர் முறைப்படுத்தும் விதிகள்) வரன்முறை ஆணை பெற்றிருக்க வேண்டும்; இல்லாவிட்டால் வீடு கட்ட வரைபட அனுமதிக்குப் போகும்போது நின்றுவிடும். மனைப்பிரிவு முழுவதற்குமான சட்டக வரன்முறை ஆகியிருக்கிறதா, உங்கள் குறிப்பிட்ட மனைக்கும் ஆகியிருக்கிறதா என்று இரண்டையும் தனித்தனியே கேளுங்கள்.

படி 7: பணம் கொடுப்பதும் முறையிடுவதும்

ரெரா சட்டத்துக்கு உட்பட்ட திட்டத்தில், விற்பனை ஒப்பந்தம் எழுதிப் பதிவு செய்யும்முன் விற்பவர் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் பணம் வாங்கக் கூடாது. கொடுப்பதை வங்கி வழியாகவே கொடுங்கள். வெள்ளைத் தாளில் எழுதிய ரசீதை மட்டும் நம்பிப் பின்னால் வழக்குக்குப் போவது கடினம்.

வாங்கிய பிறகு பூங்காவில் கட்டடம் எழுந்தால் இரண்டு கதவுகள் இருக்கின்றன. கட்டடத்தைத் தடுத்து நிறுத்தவும், அகற்றவும் 1971-ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டம் 56, 57 பிரிவுகளில் திட்ட அதிகார அமைப்புக்கு அதிகாரம் தருகிறது. அதற்கான மனுவை மாவட்ட நகர் ஊரமைப்பு அலுவலகத்துக்கும் உள்ளாட்சிக்கும் வரைபட நகலுடன் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். விற்றவரிடமிருந்து பணத்தையோ வட்டியையோ பெற வேண்டுமானால், ரெரா சட்டத்தின் 31-ஆம் பிரிவின்கீழ் குழுமத்தில் முறையிட வேண்டும். பதிவு செய்யாமலே விற்றவருக்குத் திட்ட மதிப்பில் 10 சதவீதம் வரை அபராதம் உண்டு.

ஆச்சி மறுநாள் அந்த விற்பனை அலுவலகத்துக்குத் தொலைபேசியில் பேசி, இரண்டாம் கட்டத்தின் தானப் பத்திர எண்ணைக் கேட்டார். “ஒரு வாரத்தில் தருகிறோம், அதுவரை அட்வான்ஸ் மட்டும் போட்டு வையுங்கள்” என்றார்கள். எண் வந்த பிறகு பேசலாம் என்று ஆச்சி போனை வைத்துவிட்டார். இப்போது நான்காவது வாரம் நடக்கிறது.