பழைய மெட்ராஸ் படம் ஒன்று கையில் இருக்கிறதா? எந்த இடம், எந்த வருடம் என்று கண்டுபிடிக்கும் வழி

மூன்று வாரம் ராஜாஜி சாலையில் நின்று தெற்கே பார்த்துக்கொண்டிருந்தேன். பார்க்க வேண்டியது வடக்கே. அந்தக் கூத்தைச் சொல்லத்தான் இந்தப் பதிவு. கூடவே, பழைய சென்னைப் படம் ஒன்றை எடுத்துவைத்து அதன் இடத்தையும் காலத்தையும் பிடிப்பது எப்படி என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

என்னிடம் இருந்தது கண்ணாடி ஸ்லைடு ஒன்றின் ஸ்கேன். தலைப்பு 'மெட்ராஸ் கடற்கரை, 1880 வாக்கில்'. வலப்பக்கம் வரிசையாகக் கட்டிடங்கள், அதில் ஜெனரல் போஸ்ட் ஆபீஸின் (ஜி.பி.ஓ.) இரண்டு கோபுரங்கள். இடப்பக்கம் கப்பல் பாய்மரங்கள். நடுவில் மாட்டுவண்டிகள்.

படி 1: பெரிய கோப்பாக இறக்குங்கள்

வாட்ஸ்அப்பில் வந்த படத்தை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. விக்கிமீடியா காமன்ஸிலோ வெளிநாட்டு அருங்காட்சியகத் தளங்களிலோ தேடி, கிடைப்பதிலேயே பெரிய அளவை இறக்குங்கள். அகலம் 3000 பிக்சலுக்குக் குறைந்தால் கடைப் பலகை படிக்க வராது, பலகை படிக்க வராவிட்டால் பாதி வேலை போச்சு.

மென்பொருள் என்றால் எனக்கு ஜிம்ப் போதும். இலவசம், லேயர் உண்டு, படத்தைத் திருப்பலாம். கறுப்பு வெள்ளைப் படத்துக்குத் தானாக வண்ணம் பூசித் தரும் செயலிகளைத் தயவுசெய்து தொடாதீர்கள். பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் மங்கலான இடத்தை அது தன் இஷ்டத்துக்கு நிரப்பிவிடும், அப்புறம் சுவரில் இருப்பது எழுத்தா கறையா என்று யாருக்கும் தெரியாது.

படி 2: தலைப்பை மூடிவைத்துவிட்டுப் படத்தைப் பாருங்கள்

தலைப்பு எழுதியவர் படம் எடுத்தவராக இருக்க வேண்டிய அவசியமில்லை. பெரும்பாலும் பல வருடம் கழித்து யாரோ ஆல்பத்தில் ஒட்டும்போது எழுதியது. என் படத்தையே பாருங்கள்: ஜி.பி.ஓ. கட்டிடம் முடிந்ததே 1884இல். முடிந்த கோபுரங்கள் படத்தில் நிற்கும்போது 1880 எப்படிச் சரியாகும்?

சென்னையில் காலம் சொல்லும் சாட்சிகள் நிறைய. எனக்கு ரொம்பப் பிடித்தது கலங்கரை விளக்கம், ஏனென்றால் அது இடம் மாறிக்கொண்டே இருந்தது. 1844இல் இருந்து தனித் தூண் ஒன்று, இன்றும் உயர் நீதிமன்ற வளாகத்துக்குள் நிற்கிறது. உயர் நீதிமன்றம் 1892இல் திறந்தது, 1894இல் விளக்கு அதன் உச்சிக் கோபுரத்துக்கு ஏறியது. மெரினாவில் இப்போது பார்ப்பது 1977இல் வந்தது. நீதிமன்றக் கோபுரமும் தெரிந்து, விளக்கு இன்னும் பழைய தூணிலேயே எரிகிற படம் கிடைத்தால் இரண்டே வருடத்துக்குள் அடைத்துவிடலாம். (எனக்குக் கிடைக்கவில்லை. தேடிக்கொண்டிருக்கிறேன்.)

சென்ட்ரல் பக்கம் என்றால், ரிப்பன் மாளிகை இருந்தால் 1913 அல்லது அதற்குப் பின். மூர் மார்க்கெட் இருந்தால் 1900க்கும் அது எரிந்த 1985க்கும் நடுவில். மவுண்ட் ரோட்டில் பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி ஜேம்ஸ் நீலின் சிலை நின்றால் 1937க்கு முன். 1857 கிளர்ச்சியில் செய்த கொடுமைகளுக்காக அந்த ஆளின் சிலையை அகற்றச் சொல்லி 1927இல் போராட்டமே நடந்தது. எல்.ஐ.சி. கட்டிடம் தலை நீட்டினால் 1959 அல்லது அதற்குப் பின். தெருவில் டிராம் தண்டவாளம் இருந்தால் 1895க்குப் பின் (1953இல் டிராம் நின்றது).

இன்னொன்று. 1850களில் லின்னேயஸ் டிரைப் போன்றவர்கள் எடுத்த படங்களில் தெரு வெறிச்சோடிக் கிடக்கும். ஊரில் ஆள் இல்லை என்று அர்த்தமில்லை. கேமரா அவ்வளவு நேரம் திறந்திருந்ததால் நடந்து போனவர்கள் பதியவே இல்லை. கீழே புகை மாதிரி ஒரு தீற்றல் தெரிந்தால் அதுதான் மாட்டுவண்டி.

படி 3: நான் விழுந்த குழி

என் படத்துக்கு வருவோம். கடல் இடப்பக்கம், கட்டிடங்கள் வலப்பக்கம். சென்னையில் கடல் எப்போதும் கிழக்கே, ஆகவே கேமரா தெற்கே பார்க்கிறது. சரியா? தெற்கே பார்த்தால் தூரத்தில் உயர் நீதிமன்றக் கோபுரம் தெரிந்தாக வேண்டும். தெரியவில்லை. ஆகவே 1892க்கு முன். ஜி.பி.ஓ. இருப்பதால் 1884க்குப் பின். எட்டு வருடத்துக்குள் அடைத்துவிட்டேன் என்று நண்பர்களிடம் எல்லாம் பீற்றிக்கொண்டேன். அந்தக் கோணத்தில் ஒரு படம் எடுத்துவிடலாம் என்று மூன்று ஞாயிற்றுக்கிழமை போய் நின்றும் பார்த்தேன், எங்கே நின்றாலும் எதுவும் பொருந்தவில்லை.

நான்காவது வாரம், வேறு எதற்கோ படத்தைப் பெரிதாக்கியபோது, வண்டித் தடம் என்று நினைத்திருந்த இரண்டு கோடுகள் கண்ணில் பட்டன. வண்டித் தடம் அவ்வளவு நேராக, ஒரே இடைவெளியில் போகாது. அது தண்டவாளம். டிராம் 1895க்குப் பின், நீதிமன்றம் இல்லாததால் 1892க்கு முன், இரண்டும் எப்படி ஒன்றாக நிற்கும்? அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை.

விடை ஒரு கடைப் பலகையில் இருந்தது. நகம் அளவுக்கு வெள்ளைப் பட்டை, அதில் ஏதோ அன்னிய மொழி மாதிரி எழுத்து. படத்தை இடவலமாகத் திருப்பினேன். 'அண்ட் கோ' என்று ஆங்கிலத்தில் தெளிவாக வந்தது.

கண்ணாடி நெகட்டிவையும் ஸ்லைடையும் எந்தப் பக்கம் வைத்தும் ஸ்கேன் செய்யலாம். தப்பான பக்கம் வைத்தால் ஊரே கண்ணாடியில் பார்த்த மாதிரி ஆகிவிடும். திருப்பிய பிறகு என் படத்தில் கடல் வலப்பக்கம், கேமரா வடக்கே பார்க்கிறது, உயர் நீதிமன்றம் படம் எடுத்தவரின் முதுகுக்குப் பின்னால். அது படத்தில் இல்லாததற்கு வேறு காரணமே தேவையில்லை.

ஆகவே எதற்கும் முன்னால் திருப்பிப் பார்த்துவிடுங்கள். எழுத்து தெரியாத படமா? ஆண்களின் கோட்டு பொத்தான் அவர்களுடைய வலப்பக்கம் இருக்க வேண்டும், வண்டிகள் இடப்பக்கமாகப் போக வேண்டும் (நம் ஊர் மாட்டுவண்டிக்காரரை நம்பி இதை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள்), கடிகாரம் தெரிந்தால் இன்னும் நல்லது. ஜி.பி.ஓ. மாதிரி இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும் முகப்பு எந்த உதவியும் செய்யாது.

படத்தில் இருப்பதை நம்பலாம். இல்லாததை வைத்து வருடம் சொல்லும் முன் பத்து தடவை யோசியுங்கள்.

படி 4: அங்கே போய் நில்லுங்கள்

போகும் முன் ஒரு பழைய வரைபடத்தைப் பார்த்துவிட்டுப் போங்கள். இம்பீரியல் கெசட்டியரின் 1909 அட்லஸில் சென்னைக்குத் தனிப் பக்கம் உண்டு, இணையத்தில் கிடைக்கிறது.

படத்தை ஃபோனில் வைத்துக்கொள்ளாமல் ஏ4 தாளில் அச்சிட்டு எடுத்துப் போங்கள், வெயிலில் ஃபோன் திரை தெரியாது. அதில் கிட்டே இருக்கும் ஒரு மூலையையும் தூரத்தில் இருக்கும் ஒரு மூலையையும் தேர்ந்தெடுங்கள். படத்தில் ஒன்று மற்றொன்றை எங்கே மறைக்கிறதோ, நேரிலும் அதே மாதிரி மறைக்கும் வரை பக்கவாட்டில் நகருங்கள். அதுதான் கேமரா நின்ற கோடு. அதே கோட்டில் முன்னும் பின்னும் நகர்ந்து அளவைச் சரிசெய்யலாம். கோபுரம் முழுதாக விழ வேண்டும் என்று ஃபோனை மேலே சாய்க்காதீர்கள், கட்டிடம் பின்னால் விழுகிற மாதிரி வரும். நேராகப் பிடித்து, கொஞ்சம் அகலமாக எடுத்து, கீழே வெட்டிக்கொள்ளுங்கள்.

ஞாயிறு காலை ஆறரை மணிக்குப் போங்கள். ராஜாஜி சாலைக் கட்டிடங்கள் கிழக்கே பார்த்தவை, காலை வெயில் முகப்பில் அப்படியே விழும். கோட்டை, நீதிமன்றம், துறைமுகம் பக்கம் காவலர் கேட்டால் அச்சிட்ட தாளைக் காட்டுங்கள். ஒருவர் என்னை விரட்ட வந்தவர், படத்தைப் பார்த்துவிட்டுப் பத்து நிமிடம் 'இது எங்க சார்?' என்று கேட்டுக்கொண்டிருந்தார். வேண்டாம் என்று சொன்னால் வந்துவிடுங்கள், வாதாட வேண்டாம்.

வீட்டுக்கு வந்து இரண்டு படத்தையும் ஜிம்பில் லேயராகப் போட்டு, மேலே உள்ளதைப் பாதி ஒளிபுகும்படி வைத்து, இரண்டு கோபுர உச்சிகளைப் பொருத்துங்கள். அவ்வளவுதான்.

பின்சேர்க்கை 1: டிராம் பற்றி ஒரு வாசகர் குட்டு வைத்தார், நியாயமான குட்டு. மேலே மின்கம்பி இல்லாததால் தன்னிடம் உள்ள படம் டிராமுக்கு முந்தையது என்று நினைத்தாராம். சென்னை டிராம் ஆரம்பத்தில் தெருவுக்கு அடியில் பதித்த கால்வாய் வழியாக மின்சாரம் எடுத்தது, மேல்கம்பி பிறகு வந்தது. கம்பியைத் தேடாதீர்கள், தண்டவாளத்தைத் தேடுங்கள்.

பின்சேர்க்கை 2: அஞ்சலட்டை வைத்திருப்பவர்கள் நிறையப் பேர் முத்திரைத் தேதியையே படத்தின் தேதியாக எடுத்துக்கொள்கிறார்கள். ஹிக்கின்பாதம்ஸ், வீல் அண்ட் க்ளைன் போன்றவர்கள் போட்ட அட்டைகள் வருடக்கணக்கில் கடையில் விற்றன, பழைய நெகட்டிவிலிருந்தே புது அட்டையும் அச்சிடலாம். பின்பக்கம் கோடு போட்டு முகவரிக்கும் கடிதத்துக்கும் தனித்தனி இடம் இருந்தால் அட்டை 1902க்குப் பிந்தையது, அந்த முறையை பிரிட்டன் முதலில் அனுமதித்த வருடம் அது. அது அட்டையின் வயது. படத்தின் வயதுக்கு மறுபடி படி 2க்குப் போங்கள்.