சர்ச்சை ஜோக்: தருமபுரி மேடையிலும் மேடைக்குக் கீழேயும் நடக்கும் தவறுகள்

ஒரு ஜோக்கில் பேசுபொருள் வேறு, அடி வாங்குபவர் வேறு. ஸ்டாண்ட்-அப் காமெடி பற்றிய சண்டைகளில் பாதிக்கு மேல், இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால் வருபவைதான். கல்யாணப் பத்திரிகையில் தாத்தா பெயருக்குப் பின்னால் மறக்காமல் சாதிப் பட்டம் போடுகிறவரின் வீம்பைக் கேலி செய்தால் அது சாதி ஜோக். காலனியில் குடியிருப்பவரின் பேச்சையும் உடையையும் நக்கலடித்தால் அதற்கும் சாதி ஜோக் என்றுதான் பெயர். முதலாவதைத் தடுக்க நினைப்பவரும், இரண்டாவதை ‘ஜோக்தானே’ என்று விட்டுவிடுபவரும் தலைப்பை மட்டும் பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொல்கிறார்கள். மாற்றுத்திறனாளிகளைத் திரையில் காட்டுவது பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம் 2024 ஜூலையில் இதே கோட்டைத்தான் போட்டது: அவர்களை இழிவுபடுத்தும் நகைச்சுவை ஒன்று, அவர்கள் வாழ்க்கையைப் புரியவைக்கும் நகைச்சுவை வேறொன்று.

வெளியூர்க் கலைஞர்கள் இங்கே அதிகம் சறுக்கக்கூடிய இடம், முன்வரிசையில் இருப்பவரிடம் பேச்சுக் கொடுப்பது. சென்னையில் ‘எந்த ஏரியா?’ என்று கேட்டால் டிராஃபிக் ஜோக்குக்கு வழி கிடைக்கும். அரூரிலோ பாலக்கோட்டிலோ ‘எந்த ஊரு, எந்தத் தெரு?’ என்று மைக்கில் கேட்டால், கூட்டத்துக்கு அது சாதியைக் கேட்பதாகவே காதில் விழும். பதில் சொல்பவர் சங்கடத்தில் நெளிவார், பக்கத்தில் இருப்பவர்கள் சிரிப்பை நிறுத்திவிடுவார்கள். ஜோடியாக உட்கார்ந்திருப்பவர்களிடம் ‘லவ் மேரேஜா?’ என்பது அதைவிட ஆபத்து. சாதி கடந்த ஒரு காதல் திருமணத்தைத் தொடர்ந்து 2012 நவம்பரில் நத்தம் காலனி உட்பட மூன்று தலித் குடியிருப்புகள் தீக்கிரையான மாவட்டம் இது. அந்த ஜோடியின் முகம் ரீலில் வந்து உறவினர் கண்ணில் பட்டால், விளைவைச் சுமக்கப்போவது கலைஞர் அல்ல. என்ன வேலை, என்ன சாப்பிட்டீர்கள், யார் இழுத்து வந்தார்கள் என்று கேளுங்கள். அதிலேயே ஐந்து நிமிடத்துக்குச் சரக்கு கிடைக்கும். பார்வையாளர் முகம் தெரியும் காட்சியை அவர் சம்மதம் இல்லாமல் பதிவேற்றாதீர்கள்.

பற்களைக் கேலி செய்வதும் அப்படித்தான். பென்னாகரம் பக்கம் பழுப்பேறிய பல் தெரிந்தால் புகையிலை, பான்பராக் என்று ஜோக் அடிக்கத் தோன்றும். அது ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் இருந்த ஃபுளோரைடு, சிறுவயதில் பல் உருவாகும்போதே போட்ட கறை. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே இதற்காகத்தான். ‘தண்ணியில்லாக் காட்டுக்கு மாற்றிட்டாங்க’ என்ற பழைய வசனத்தை அந்த ஊருக்குள்ளேயே வந்து சொல்வதற்கு முன் இதையும் யோசியுங்கள். தண்ணீர் தராத நிர்வாகத்தை அடித்தால் அதே கூட்டம் கைதட்டும்.

பக்கத்துக் கிருஷ்ணகிரி மாவட்டத்து ஓசூரில் சிக்கல் வேறு மாதிரி. அரங்கில் தெலுங்கும் கன்னடமும் வீட்டுமொழியாக உள்ளவர்கள் இருப்பார்கள். வட இந்தியத் தொழிலாளர்களைப் பற்றிய ஜோக்குகளுக்கு மட்டும் சுலபமாகச் சிரிப்பு வரும், ஏனென்றால் பதில் சொல்ல அவர்கள் அங்கே இருக்க மாட்டார்கள். அந்தச் சிரிப்பை நம்பி நேரத்தை ஓட்டுவது சோம்பேறித்தனம்.

நடத்துபவர்கள் கவனிக்காத ஒன்று அரங்கு. கல்யாண மண்டபத்தில் எதிரொலி அதிகம். பஞ்ச் வரியின் கடைசிச் சொல் கரைந்துபோய், நடுவில் வந்த தலைவர் பெயரோ சாதிப் பெயரோ மட்டும் பின்வரிசைக்குக் கேட்கும். சண்டை அங்கேதான் தொடங்கும். அறுபது, எண்பது நாற்காலி போடும் சின்ன ஹால் போதும். மிக்ஸரில் எக்கோவை முழுக்கக் குறையுங்கள், ஃபேன் சத்தத்தோடு ஒருவரைக் கடைசி வரிசையில் உட்காரவைத்து மைக்கைச் சோதியுங்கள். வயது வந்தவர்களுக்கு மட்டுமான நிகழ்ச்சி என்றால் டிக்கெட்டிலேயே வயதைப் போடுங்கள். இங்கே குடும்பத்தோடு வருவார்கள்.

முழு நிகழ்ச்சியையும் வெட்டாமல் ஒலிப்பதிவு செய்து வைத்திருங்கள். முப்பது விநாடித் துண்டு பரவும்போது முன்கதை காணாமல் போகும். பார்ப்பவரும் அந்தத் துண்டுக்கு முந்தைய இரண்டு நிமிடத்தைக் கேட்காமல் கருத்துச் சொல்ல வேண்டாம்.

சட்டத்தில் இரு தரப்பும் தவறுகிறார்கள். ‘மனம் புண்பட்டது’ என்பது மட்டும் குற்றமாகாது. மத உணர்வு பற்றிய பாரதிய நியாய சன்ஹிதாவின் 299-ஆம் பிரிவு, வேண்டுமென்றே கெட்ட நோக்கத்தோடு செய்ததையே தண்டிக்கிறது. மறுபக்கம், கருத்துச் சுதந்திரம் என்று சொல்லி எல்லாவற்றையும் கடந்துவிடவும் முடியாது. பட்டியல் சாதியினரைப் பொதுவெளியில் சாதிப் பெயர் சொல்லி இழிவுபடுத்தினால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பாயும்; அதில் முன்ஜாமீன் கிடைப்பது அரிது. ஜோக் பிடிக்கவில்லை என்று எழுதுவதும், டிக்கெட் வாங்காமல் இருப்பதும் உரிமை. அரங்கை அடித்து நொறுக்குவது குற்றம்.

‘நம்ம ஊருக்கு இதெல்லாம் புதுசு’ என்று வாதாடுபவர்கள் தெருக்கூத்தை மறந்துவிடுகிறார்கள். கூத்தின் கோமாளியான கட்டியங்காரன் ராஜாவையே கிண்டல் செய்வார், ஊரே விடிய விடியச் சிரிக்கும். அவர் கை வைப்பது பெரும்பாலும் கிரீடம் வைத்தவர் மேல்.

தவறிப்போனால் ‘யாராவது புண்பட்டிருந்தால் வருந்துகிறேன்’ என்று எழுதாதீர்கள். எந்த வரி, யாரை இழிவுபடுத்தியது, அதை இனி மேடையில் சொல்வீர்களா மாட்டீர்களா என்ற மூன்றையும் எழுதுங்கள். ஜோக் சரிதான் என்று நம்பினால் மன்னிப்புக் கேட்காமல், முழுப் பதிவையும் வெளியிடுங்கள்.