ஓசிடி மாத்திரை பலிக்காமல் போவது எதனால்?

"ஆறு மாதமாக மாத்திரை சாப்பிடுகிறேன், கை கழுவுவது கொஞ்சமும் குறையவில்லை" என்பவரின் மருந்துச் சீட்டில் பல நேரம் எஸ்சிட்டலோப்ராம் 10 மில்லிகிராம் என்றுதான் இருக்கும். மனச்சோர்வுக்கு அது போதும். ஓசிடிக்கு, அதாவது வேண்டாத எண்ணம் திரும்பத் திரும்ப வந்து, அதை அடக்க ஒரே செயலைச் சடங்குபோலச் செய்ய வைக்கும் எண்ணச் சுழற்சி நோய்க்கு, பெரும்பாலும் அது தொடக்க அளவு மட்டுமே. இரண்டு நோய்க்கும் மாத்திரை ஒன்றுதான், ஆனால் ஓசிடி கூடுதல் அளவு கேட்கும். செர்ட்ராலின் 200, ஃப்ளுவோக்ஸமின் 300, ஃப்ளுவாக்ஸெட்டின் 60 முதல் 80, பராக்ஸெட்டின் 60, எஸ்சிட்டலோப்ராம் 20 மில்லிகிராம் வரை உடல் தாங்குவதைப் பார்த்துப் படிப்படியாக ஏற்றுவது வழக்கம். ஏற்றுவது டாக்டரின் வேலை. ஆனால் "இது எனக்கு முழு அளவா?" என்று கேட்பது நம் வேலை.

அடுத்த தவறு அவசரம். குமட்டல், பேதி, படபடப்பு, தூக்கக் கேடு எல்லாம் முதல் இரண்டு வாரத்திலேயே வந்துவிடும். பலன் தெரிய 6 முதல் 12 வாரம் ஆகும். மூன்றாவது வாரத்தில் நிறுத்துபவர் கஷ்டத்தை மட்டும் அனுபவித்துவிட்டு, பலன் வருமுன்னே விலகிவிடுகிறார். மொத்தம் 8 முதல் 12 வாரம், அதில் தாங்கக்கூடிய உச்ச அளவில் குறைந்தது 4 முதல் 6 வாரம் சாப்பிட்ட பிறகுதான் ஒரு மருந்தை 'பலிக்கவில்லை' என்று தள்ள வேண்டும்.

பலன் என்றால் எண்ணமே வராமல் போவது என்று எதிர்பார்க்கக் கூடாது. ஓசிடியின் கடுமையை அளக்கும் யேல்-பிரவுன் அளவுகோலில் 40க்கு 28 இருந்தவர் 18க்கு வந்தால் அது நல்ல பலன்தான். எண்ணம் வரும், அதன் பிடி தளர்ந்திருக்கும். இரண்டு மணி நேரக் குளியல் முக்கால் மணியாகும். வாரம் ஒரு முறை அந்த நேரத்தைக் குறித்து வையுங்கள். தினமும் வேண்டாம், குறித்து வைப்பதே இன்னொரு சடங்காகிவிடும்.

பதற்றத்தைத் தணிக்கும் அல்ப்ரஸோலாம், குளோனஸெபாம் மாத்திரைகள் போட்டதும் பயம் அடங்குவதால் அதுதான் 'சரியான மாத்திரை' என்று தோன்றும். ஓசிடியை அவை குறைப்பதில்லை, பழக்கமாகிவிடும். பயத்தை எதிர்கொண்டு, சடங்கைச் செய்யாமல் இருந்து பழகும் நடத்தைப் பயிற்சிக்கும் குறுக்கே நிற்கும். அந்தப் பயிற்சி மாத்திரையோடு சேர்ந்தே நடக்க வேண்டியது.

இந்த நோய் மருந்துக்குள்ளேயே புகுந்துவிடும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. "சாப்பிட்டேனா, இல்லையா?" என்ற சந்தேகத்தில் இரண்டாவது மாத்திரை உள்ளே போகும். ஏழு நாள் அறை உள்ள மாத்திரை டப்பா இதற்குப் போதும்; அறை காலியென்றால் சாப்பிட்டாயிற்று, அதற்கு மேல் யாரிடமும் கேட்கக் கூடாது. ஃப்ளுவாக்ஸெட்டின் கேப்ஸ்யூலின் உறை பெரும்பாலும் விலங்கிலிருந்து எடுக்கும் ஜெலட்டின். சைவம் பார்ப்பவருக்கு அதுவே புது உறுத்தலாகும் என்பதால் முதலிலேயே மாத்திரை வடிவம் கேட்டு வாங்குங்கள். சோற்றிலோ காபியிலோ தெரியாமல் கலந்து கொடுக்கும் வீடுகளும் உண்டு. அசுத்த பயம் உள்ளவருக்கு இது ஒரு நாள் தெரியவந்தால், வீட்டுச் சாப்பாட்டின் மேலேயே நம்பிக்கை போய்விடும்.

"நல்லாயிட்டேன்" என்று தானே நிறுத்துவது அடுத்தது. குணம் தெரிந்த பிறகும் ஒன்று முதல் இரண்டு வருடம் தொடர்ந்து, பின் ஒன்றிரண்டு மாதத்துக்கு ஒரு முறை 10 முதல் 25 சதவீதம் வீதம் இறக்க வேண்டும். திடீரென விட்டால் தலைசுற்றல், மண்டைக்குள் ஷாக் அடிப்பது போன்ற உணர்வு, எரிச்சல் வரும். பராக்ஸெட்டினில் இது அதிகம், ஃப்ளுவாக்ஸெட்டினில் குறைவு. இது போதை அடிமைத்தனம் இல்லை. தாம்பத்தியச் சிக்கலால் சொல்லாமல் நிறுத்துபவர்கள் நிறைய. வாய்விட்டுச் சொன்னால் அளவையோ மருந்தையோ மாற்றலாம். கர்ப்பம் தெரிந்த அன்றே நிறுத்துவதும் தவறு, அன்றே டாக்டரைப் பார்ப்பதுதான் சரி.

மற்ற மருந்துகளோடு சேரும்போதுதான் ஆபத்து. வலிக்கு டிராமடால், இருமல் சிரப்பில் டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபன் சேர்ந்தால், ஓசிடி மாத்திரைகள் மூளையில் கூட்டும் செரட்டோனின் என்ற வேதிப்பொருள் எல்லை மீறலாம். நடுக்கம், வியர்வை, காய்ச்சல், குழப்பம், கால் விறைப்பு தெரிந்தால் உடனே மருத்துவமனை. டைக்ளோஃபெனாக், ஆஸ்பிரின் போன்ற வலி மாத்திரைகள் சேர்ந்தால் வயிற்றில் ரத்தக்கசிவு வாய்ப்பு கூடும். ஃப்ளுவோக்ஸமினோடு தசைப்பிடிப்புக்கான டிசானிடின் கூடவே கூடாது. காபியும் வழக்கத்தைவிட அதிக நேரம் உடலில் தங்கும். மருந்துக்கடையில் வலி மாத்திரை கேட்கும்போது இந்தச் சீட்டையும் காட்டுங்கள். 25 வயதுக்குட்பட்டவர்களுக்குத் தொடக்க வாரங்களிலும் அளவு மாறும்போதும் தற்கொலை எண்ணம் தலைகாட்டுகிறதா என்று வீட்டார் கவனிக்க வேண்டும். 14416 என்ற டெலி மனஸ் அரசு மனநல உதவி எண் 24 மணி நேரமும் இயங்குகிறது.

இரண்டு மருந்துகள் முறையாகப் பார்த்தும் பலிக்காவிட்டால் குளோமிப்ரமின் இருக்கிறது. பழைய மருந்து, வலுவானது. 250 மில்லிகிராமைத் தாண்டினால் வலிப்பு வரும் வாய்ப்பு கூடுகிறது. ஈசிஜி பார்ப்பது நல்லது. ஃப்ளுவோக்ஸமின் இதன் அளவை ரத்தத்தில் பல மடங்கு ஏற்றிவிடும் என்பதால், மிச்சமிருக்கும் பழைய அட்டையைத் தானே சேர்த்துச் சாப்பிடக் கூடாது.

இன்னொரு வழி, மனச்சிதைவு நோய்க்குத் தரும் ரிஸ்பெரிடோன் அல்லது அரிப்பிபிரஸோலைக் குறைந்த அளவில் கூடச் சேர்ப்பது. மூன்றில் ஒருவருக்குத்தான் கைகொடுக்கும். ஆறு வாரத்தில் மாற்றம் இல்லையென்றால் எடுத்துவிட வேண்டும்; இல்லாவிட்டால் அது கேட்பாரில்லாமல் வருடக்கணக்கில் சீட்டில் நின்று எடையையும் சர்க்கரையையும் ஏற்றிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு முறை போகும்போதும் "இது இன்னும் தேவையா?" என்று கேளுங்கள்.