முதலில் கேள்வி, அப்புறம் பாடம்: ஒன்பது, பத்தாம் வகுப்பு ஆங்கில இலக்கியத்துக்குத் திட்டமிடும் முறை

கேரளத்து இடுக்கியின் மூணாறு, தேவிகுளம், மறையூர், பீர்மேடு பக்கமானாலும் சரி, பாலக்காட்டுச் சித்தூர், கொழிஞ்சாம்பாறை பக்கமானாலும் சரி, தமிழ் வழியில் படிக்கும் பிள்ளைகளின் ஆங்கில பீரியட் பெரும்பாலும் ஒரே மாதிரி போகிறது. டீச்சர் ஒரு வரி வாசிக்கிறார், தமிழில் அர்த்தம் சொல்கிறார், அடுத்த வரிக்குப் போகிறார். 24 வரிக் கவிதை மூன்று பீரியடில் முடிந்துவிடும். அசைன்மென்ட் கொடுத்தால் கைடில் உள்ள பத்தி அப்படியே நோட்டுக்கு வரும். பிள்ளையைக் குறை சொல்லிப் பயனில்லை. எல்லா வரிக்கும் அர்த்தம் சொல்லியாயிற்று என்றால், பிள்ளை தானாக யோசித்து எழுத எதுவும் மிச்சமில்லை.

இதை மாற்ற, டீச்சிங் மேனுவல் (டீச்சர் எழுதி வைக்கும் பாடத்திட்டக் குறிப்பேடு) எழுதும் வரிசையை மாற்ற வேண்டும். பாடத்தின் கடைசியில் பிள்ளை எந்தக் கேள்விக்கு எழுதப்போகிறது என்பதை முதல் பக்கத்தில் முதல் வரியாக எழுதுங்கள். அந்தக் கேள்விக்கு உதவாத விளக்கத்தை எல்லாம் வெட்டுங்கள்.

நாட்களை எண்ணுவது

ஜூனில் பள்ளி திறந்தால் ஓணப் பரீட்சைக்கு முன் பத்து முதல் பன்னிரண்டு வாரம் கிடைக்கும். பதினோரு வாரம், வாரம் ஐந்து பீரியட் என்று வைத்துக்கொண்டால் 55. இதில் ஐந்தில் ஒரு பங்கை முதலிலேயே கழித்துவிடுங்கள். இடுக்கியில் மழை வலுத்தால் கலெக்டர் விடுமுறை விடுவார். விடாத நாளிலும் எஸ்டேட் வழியில் யானை நின்றால் பாதி வகுப்பு வராது. மிச்சம் 44 பீரியட். அந்த 44க்குத்தான் திட்டம். 55க்குப் போட்ட திட்டம் ஆகஸ்டில் அவசர அவசரமாக முடியும், அப்போது முதலில் பலியாவது எழுத்து வேலைதான்.

ஜூலை மழையில் கவிதையைத் தொடங்காதீர்கள். கவிதைக்கு ஐந்து பீரியட் அடுத்தடுத்து வேண்டும். நடுவில் நான்கு நாள் விட்டுப்போனால் காதில் ஏறிய தாளம் போய்விடும். கதை அப்படியில்லை, விட்ட இடத்திலிருந்து பிடித்துக்கொள்ளலாம்.

கேள்வியை எப்படி அமைப்பது

ஏரிக்கரையில் கண்ட பூக்களைப் பற்றி ஆங்கிலக் கவிஞர் வேர்ட்ஸ்வொர்த் எழுதிய டாஃபடில்ஸ் கவிதையை எடுத்துக்கொள்வோம். 1807இல் வெளிவந்தது, 1815இல் அவர் ஒரு பத்தியைச் சேர்த்துத் திருத்தியதால் இன்று நாம் வாசிப்பது நான்கு பத்தி, பத்திக்கு ஆறு வரி.

'இந்தக் கவிதையின் மையக்கருத்து என்ன?' என்று கேட்டால் பதில் கைடில் இருக்கும், போனில் இரண்டு நொடியில் வரும். இப்படிக் கேளுங்கள்: 'பூக்களைப் பார்த்தபோது தனக்குக் கிடைத்தது என்ன என்று கவிஞருக்கே தெரியவில்லை. அதை எந்த வரி சொல்கிறது? எப்போது தெரிந்துகொண்டார்? இரண்டு வரிகளை எடுத்துக்காட்டி 80 சொல்லில் எழுதுக.' மூன்றாம் பத்தியின் கடைசி இரண்டு வரியையும் நான்காம் பத்தியையும் திரும்பப் படிக்காமல் இதற்கு எழுத முடியாது. நல்ல கேள்விக்கு அடையாளமே அதுதான்: பிள்ளையைப் புத்தகத்துக்குத் திருப்பி அனுப்ப வேண்டும்.

கேள்வி வந்துவிட்டால் எந்தச் சொல்லுக்கு நேரம் கொடுப்பது என்பதும் தெளிவாகும். 'வேகன்ட்', 'பென்சிவ்', 'சாலிட்யூட்' மூன்றும் கடைசிப் பத்தியைத் தாங்குகின்றன. அவற்றில் நின்று பேசுங்கள். 'ஜோகண்ட்' என்ற சொல்லுக்கு 'உற்சாகம்' என்று கரும்பலகையில் எழுதிவிட்டு நகரலாம்.

ஐந்து பீரியடும், 40 நிமிடக் கணக்கில்

முதல் பீரியடில் அர்த்தம் கிடையாது, ஒலி மட்டும். நீங்கள் ஒரு முறை, பிள்ளைகள் பத்தி பத்தியாக ஒரு முறை, கைதட்டி ஒரு முறை வாசியுங்கள். வரிக்கு நான்கு அழுத்தம், பெரும்பாலும் எட்டு ஒலித்துண்டு. இதை நேரசை, நிரையசை என்று நினைத்துக் குழம்பும் பிள்ளை இருக்கும். கணக்கு வேறு என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். தொடையை, அதாவது ஒலி ஒத்து வரும் இடங்களை, தேடச் சொன்னாலும் பிள்ளைகள் வரியின் தொடக்கத்தில் எதுகையைத் தேடும். ஆங்கிலக் கவிதையில் வரிக்கடைசி ஒலி ஒத்து வரும் இயைபுதான் ஆட்சி. கிளவுட், கிரவுட், ஹில்ஸ், டாஃபடில்ஸ், ட்ரீஸ், ப்ரீஸ் என்று முதல் பத்தியின் வரிக்கடைசிகளை அடிக்கோடிடச் சொல்லுங்கள். ஒன்றும் மூன்றும், இரண்டும் நான்கும், ஐந்தும் ஆறும் என்ற ஒழுங்கைத் தாங்களாகவே கண்டுபிடிப்பார்கள். மோனையும் உண்டு, 'பிசைட்', 'பினீத்' என்று ஒரே வரியில். அதைக் காட்டினால் 'இது நம்மிடம் இருப்பதுதானே' என்ற முகம் வரும். அந்த ஐந்து நிமிடத்தை அவசரப்படுத்தாதீர்கள்.

அன்றைய வீட்டுவேலை எழுத்து வேலை இல்லை. மூணாறு மலையில் நீலக்குறிஞ்சி 2006இலும் 2018இலும் பூத்தது. அதைப் பார்த்தவர் வீட்டிலோ லயத்திலோ (எஸ்டேட் குடியிருப்பு வரிசை) யாராவது இருப்பார்கள். 'இப்போது நினைத்தால் என்ன தெரிகிறது?' என்று பாட்டியிடமோ அம்மாவிடமோ கேட்டு வரட்டும். கண்ணுக்கு எதிரில் இல்லாத பூ மனதில் நிற்பதைப் பற்றிய கவிதை இது. டாஃபடிலின் படத்தைக் காட்டுவதைவிட இந்தக் கேள்வி பிள்ளையைக் கவிதைக்குள் கொண்டுபோகும். பாலக்காட்டு எல்லையில் குறிஞ்சிக்குப் பதிலாக முதலமடைப் பக்கத்து மாந்தோப்பு பூக்கும் காலத்தைக் கேட்கலாம்.

இரண்டாம் பீரியடில் முதல், கரு, உரி என்று மூன்று கட்டம் போடுங்கள். தமிழ் வகுப்பில் திணை படித்த பிள்ளைக்கு இந்தச் சட்டகம் புதிதில்லை: இடமும் காலமும் முதற்பொருள், அந்த நிலத்தில் இருப்பவை கருப்பொருள், உணர்வு உரிப்பொருள். நான்கு பத்திக்கு நான்கு வரிசை. ஜோடி ஜோடியாக உட்கார்ந்து 20 நிமிடத்தில் நிரப்ப வேண்டும். கட்டத்துக்குள் கவிதையின் ஆங்கிலச் சொல்தான் வர வேண்டும், பேசிக்கொள்வது தமிழிலேயே இருக்கட்டும். மேகம், பூ, மரம், காற்று, விண்மீன், அலை என்று கரு நிரம்பிக்கொண்டே போகும். கடைசி வரிசையில் ஏரி இருக்காது, காற்று இருக்காது. இடம் வீட்டுச் சோபாவாகவும் காலம் 'அடிக்கடி' என்றும் மாறியிருக்கும். பூ மட்டும் மிச்சம். 'எல்லாம் போன பிறகு பூ எப்படி இங்கே வந்தது?' என்று கேளுங்கள். அசைன்மென்ட் கேள்வியின் பாதி விடை அந்த இடத்தில் பிறந்துவிடும்.

இங்கே ஒரு தவறு நேரும். கவிதைக்கு ஒரு திணைப்பெயர் சூட்டிவிட வேண்டும் என்று சிலர் முனைவார்கள். மலையும் ஏரியும் இருப்பதால் குறிஞ்சி என்று எழுதினால், பொருந்தாத அகமரபை அதன்மேல் ஏற்றியதாகும். சட்டகம் பார்ப்பதற்கு மட்டும், பெயர் வேண்டாம்.

மூன்றாம் பீரியடுக்கு இரண்டே வேலை. முதல் மூன்று பத்தியில் கவிஞர் தான் செய்ததைச் சொல்லும் வினைகள் இறந்தகாலம், நான்காவதில் நிகழ்காலம். வினைகளை வட்டமிட்டால் இலக்கணப் பாடமும் அதிலேயே நடந்துவிடும். அடுத்த வேலை, 'லோன்லி' என்ற சொல். 1802 ஏப்ரல் 15 அன்று அந்த ஏரிக்கரையில் அவர் தனியாக நடக்கவில்லை. தங்கை டோரதி கூட இருந்தார். அன்றைய நாட்குறிப்பில் அந்தப் பூக்களை எழுதி வைத்தவரும் அவர்தான். உடன் இருந்தவரைக் கவிதை ஏன் விட்டுவிட்டது? இந்த ஒரு கேள்விக்கு 15 நிமிட விவாதம் நடக்கும், நடக்க விடுங்கள், தமிழிலேயே நடக்கட்டும். வரியை மொழிபெயர்க்கத் தமிழ் வேண்டாம். வரியைப் பற்றி வாதாடத் தமிழ் வேண்டும். இந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டால் 'ஆங்கில வகுப்பில் தமிழ் பேசாதே' என்ற தடைக்குத் தேவையே இருக்காது.

நான்காம் பீரியடில் வகுப்பிலேயே எழுத வேண்டும். அசைன்மென்டை வீட்டுக்கு அனுப்பக் கூடாது. தோட்டத்துப் பெற்றோர் காலையில் கொழுந்து பறிக்கப் போய்விடுகிறார்கள். சமையலும் தம்பி தங்கையும் பெரிய பிள்ளையின் பொறுப்பு. அங்கே உட்கார்ந்து எழுத இடமும் நேரமும் கிடைக்காத பிள்ளைதான் கைடைத் தேடும். ஐந்து நிமிடம் யோசிக்க, 25 நிமிடம் எழுத, மிச்சம் பக்கத்துப் பிள்ளைக்குப் படித்துக் காட்ட. யோசிக்கும் ஐந்து நிமிடத்தில் பேனாவைத் தொடக் கூடாது. எஸ்.எஸ்.எல்.சி. ஆங்கிலத் தேர்வில் இரண்டரை மணி நேரத்துக்கு முன் வினாத்தாளைப் படித்து யோசிக்கக் கிடைக்கும் 15 நிமிட 'கூல் ஆஃப்' நேரத்தைப் பல பிள்ளைகள் வீணாக்குவது, அதைப் பயன்படுத்திப் பழகாததால்தான்.

ஐந்தாம் பீரியட் திருத்தி எழுதுவதற்கு. இதை வெட்டிவிட்டால் நீங்கள் திருத்தியது முழுக்க வீண்.

திருத்தும் முறை

பத்து மதிப்பெண் என்றால், கவிதையிலிருந்து எடுத்துக்காட்டிய வரிக்கு நான்கு, பிள்ளையின் சொந்தக் கருத்துக்கு மூன்று, மொழிக்கு இரண்டு, அமைப்புக்கு ஒன்று. இந்தப் பிரிவை எழுதத் தொடங்கும் முன்பே பலகையில் போட்டுவிடுங்கள். மொழிக்கு ஐந்து வைத்தால் பிழைக்குப் பயந்து மூன்று சிறு வாக்கியத்தோடு நிறுத்திக்கொள்வார்கள்.

40 பிள்ளைகள், தாளுக்கு நான்கு நிமிடம் என்றால் 160 நிமிடம். எல்லாப் பிழையையும் சிவப்பாக்கப் போனால் இது இரட்டிப்பாகும், பிள்ளை ஒன்றையும் படிக்காது. ஒரு அசைன்மென்டுக்கு இரண்டு வகைப் பிழையை மட்டும் குறியுங்கள். முதல் முறை 'எ', 'ஆன்', 'த' என்ற ஆங்கில ஆர்ட்டிகிள்கள் விடுபடுவதைப் பிடியுங்கள். தமிழில் அப்படி ஒரு சொல்வகையே இல்லாததால் பிள்ளைக்கு விடுபட்டது தெரியாது. இன்னொன்று எழுத்துக்கூட்டு. தமிழில் ஒரே 'ப'வும் ஒரே 'க'வும் இரண்டு ஒலிக்கு வேலை செய்வதால் 'பிக்', 'பிக்' என்று எழுதினால் பன்றியா பெரியதா என்று தெரியாது, அந்தக் குழப்பம் ஆங்கில எழுத்திலும் இறங்கும். நம் எல்லைப் பிள்ளைகளுக்கு இதற்கு ஒரு வழி கையிலேயே இருக்கிறது: மலையாளத்தில் இந்த ஒலிகளுக்குத் தனித்தனி எழுத்து உண்டு. தடுமாறும் சொல்லை மலையாள எழுத்தில் எழுதிப் பார்க்கச் சொன்னால் வித்தியாசம் கண்ணில் படும்.

ஒரு பருவத்துக்கு மூன்று அசைன்மென்ட் போதும். எஸ்.எஸ்.எல்.சி.யில் எழுத்துத் தேர்வு 80, தொடர் மதிப்பீடு 20. அந்த 20க்காக சார்ட் பேப்பரில் பூ ஒட்டி வாங்குவதைவிட, ஒரே அசைன்மென்டின் முதல் பிரதியையும் திருத்திய பிரதியையும் சேர்த்துத் தைத்து வைப்பது நல்லது. வளர்ச்சி அதில் தெரியும். மூன்றில் ஒன்று கவிதை நயம், ஒன்று கதை பற்றியது, ஒன்று கேரளத் தேர்வு கேட்கும் டிஸ்கோர்ஸ் வகை: நாட்குறிப்பு, கடிதம், உரை, உரையாடல், செய்தி இப்படி. இதே கவிதைக்கு, டோரதி அன்றிரவு எழுதியிருக்கக்கூடிய நாட்குறிப்பை எழுதச் சொல்லலாம். தேதி போட்டோமா, தன்மையில் எழுதினோமா என்று பார்த்துவிட்டு நிறுத்திவிடாதீர்கள். அண்ணன் கவனிக்காத ஒன்றையாவது தங்கை கவனித்திருக்க வேண்டும் என்று ஒரு நிபந்தனை போடுங்கள். அது இல்லாவிட்டால் கவிதையையே உரைநடையாக்கித் தருவார்கள்.

கதைக்கு

ஐந்தாறு பக்கக் கதைக்கு ஏழு பீரியட் வையுங்கள். சுருக்கத்தை முன்கூட்டிச் சொல்லவே கூடாது; முடிவு தெரிந்த கதையை யாரும் வாசிக்க மாட்டார்கள். கதையில் இரண்டு இடத்தில் நிறுத்தி, 'அடுத்து என்ன நடக்கும், எந்த வாக்கியத்தை வைத்துச் சொல்கிறாய்?' என்று இரண்டு வரி எழுத வையுங்கள். முடிவு தெரிந்த பின், தவறாக ஊகித்தவர்களை அந்த வாக்கியத்துக்குத் திரும்பிப் போகச் சொல்லுங்கள். அசைன்மென்ட் அங்கிருந்தே கிடைக்கும்.

நடுவில் வந்து சேரும் பிள்ளை

போடியிலிருந்தோ உடுமலையிலிருந்தோ குடும்பம் இடம் மாறும்போது எட்டிலோ ஒன்பதிலோ ஒரு பிள்ளை வந்து சேரும். தமிழ்நாட்டுப் பாடத்தில் பத்தி விடையும் மனப்பாடப் பாடலும் பழகியிருக்கும். டிஸ்கோர்ஸ் என்ற சொல்லே கேட்டிருக்காது. அந்தப் பிள்ளை எழுதத் தெரியாமல் நிற்கிறது என்று முடிவுகட்டாதீர்கள். கவிதையை மனப்பாடமாகச் சொல்லத் தெரிந்த பிள்ளைக்கு முதல் பீரியடில் வாசிக்கும் பொறுப்பைக் கொடுங்கள். எழுத்துக்கு, போன வருடத்து விடைத்தாள்களில் பெயரை மறைத்த மூன்றைக் கொடுங்கள்: ஒன்று நன்றாக எழுதியது, ஒன்று நடுத்தரம், ஒன்று கைடிலிருந்து எடுத்தது. பலகையில் உள்ள பத்து மதிப்பெண் பிரிவை வைத்து மூன்றுக்கும் அந்தப் பிள்ளையே மதிப்பெண் போடட்டும். கைடுத் தாளுக்கு எடுத்துக்காட்டு வரி இல்லாததால் நான்கு மதிப்பெண் விழவில்லை என்பதை அது தானே கண்டுபிடிக்கும். இதற்காக ஒவ்வொரு வருடமும் பருவம் முடியும்போது அப்படி மூன்று தாளை நகலெடுத்து மேனுவலின் கடைசிப் பக்கத்தில் ஒட்டி வையுங்கள். பக்கத்திலேயே இன்னொன்றும் குறித்து வையுங்கள்: எந்தக் கேள்விக்குப் பாதி வகுப்பு ஒரே மாதிரி எழுதியது என்று. அந்தக் கேள்வியை அடுத்த ஜூனில் மாற்ற வேண்டும்.