விக்கிமூலத்தில் மெய்ப்பு பார்க்கிறீர்களா? பாதியில் விட்டுவிடாமல் தொடர ஒரு கையேடு

பழைய நூல்களை யாரும் இலவசமாகப் படிக்கும்படி வைத்திருக்கும் இணைய நூலகமான தமிழ் விக்கிமூலத்தில் மெய்ப்பு பார்க்க, அதாவது அந்த நூல்களின் உரையில் பிழை திருத்த, ஆசையாக வந்து பாதியில் காணாமல் போனவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். வேலை கஷ்டம் என்று யாரும் போவதில்லை. ஒரு நாள் ராத்திரி, மொத்தம் எத்தனை பக்கம் பாக்கி என்று போய்ப் பார்க்கிறார்கள். லட்சக்கணக்கில் சிவப்பு, அதாவது இன்னும் யாரும் திருத்தாத பக்கங்கள். தான் இத்தனை நாள் உட்கார்ந்து திருத்திய பக்கங்கள் அதில் எந்த மூலையில் கிடக்கின்றன என்றே தெரியாது. அதோடு சரி, அடுத்த நாளிலிருந்து ஆள் வருவதில்லை. சேலத்தில் நாங்கள் சிலர் இந்த வேலையை விடாமல் செய்துகொண்டிருக்கிறோம், அதில் எங்களுக்கு உதவியதைத்தான் இங்கே எழுதுகிறேன். விக்கிப்பீடியாவில் துப்புரவு வேலை பார்ப்பவர்களுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

புதியவர்களுக்காக வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அரசு நாட்டுடைமை ஆக்கிய நூல்களும், ஆசிரியர் இறந்து 60 ஆண்டு கடந்து காப்புரிமை முடிந்த நூல்களும் ஸ்கேன் செய்து ஏற்றப்பட்டிருக்கின்றன. படத்திலிருக்கும் எழுத்தை ஓசிஆர் மென்பொருள் உரையாக மாற்றித் தந்துவிடுகிறது, ஆனால் பிழைகளோடு. பக்கத்தைத் திறந்தால் ஒரு புறம் ஸ்கேன், மறுபுறம் உரை. ஒப்பிட்டுத் திருத்திச் சேமித்தால் சிவப்பு மஞ்சளாகும், வேறொருவர் மறுபடி படித்துச் சரிபார்த்தால் மஞ்சள் பச்சையாகும். வெற்றுப் பக்கம் சாம்பல் நிறம். படம் மங்கியோ கிழிந்தோ சிக்கலாக இருந்தால் ஊதா.

இனி விஷயத்துக்கு வருகிறேன். குவியலைக் குறைப்பதை உங்கள் இலக்காக வைக்காதீர்கள். அது யாராலும் தனியாக ஆகிற காரியமில்லை, நீங்கள் ஒரு புத்தகத்தை முடிப்பதற்குள் யாரோ பத்துப் புத்தகம் புதிதாக ஏற்றியிருப்பார்கள், அதுவும் நல்ல காரியம்தான், அதில் வருத்தப்பட ஒன்றுமில்லை. உங்கள் கணக்கு ஒரு புத்தகம். பத்துப் புத்தகத்தில் முப்பது முப்பது பக்கம் திருத்தி வைத்தால் அது எந்த வாசகருக்கும் பயன்படாது. ஒரே புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை முடித்தால், அதைக் கோத்து நூலாக்கலாம், மின்னூலாக இறக்கிப் படிக்கலாம், அதில் இருக்கும் ஒரு வரியைக் கூகுளில் தேடுகிறவருக்கு அது கிடைக்கும். முடித்தோம் என்று சொல்ல ஒரு பொருள் கையில் இருக்கும். சோர்வை விரட்ட இதைவிடப் பெரிய மருந்து எனக்குத் தெரியாது.

ஏற்காட்டுத் தோட்டங்களில் காபிப் பழம் பறிக்கிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். ஒரே செடியில் பச்சைக்காயும் இருக்கும், பழுத்ததும் இருக்கும். பழுத்ததை மட்டும் பறித்துக்கொண்டு அடுத்த செடிக்கு நகர்ந்துவிடுவார்கள், மிச்சத்துக்கு இன்னொரு சுற்று வருவார்கள். மலை முழுக்க எத்தனை செடி என்று யாரும் நின்று எண்ணுவதில்லை. புத்தகத்தைத் தேர்ந்தெடுக்கும்போது அந்த மாதிரிக் கண் வேண்டும்.

புத்தகத்தை எப்படித் தேர்ந்தெடுப்பது

ஒரு புத்தகத்தின் எல்லாப் பக்கங்களையும் வரிசையாகக் காட்டும் அட்டவணைப் பக்கத்துக்குப் போய், நடுவிலிருந்து நாலைந்து பக்கங்களைத் திறந்து பாருங்கள். அச்சு தெளிவாக இருக்கிறதா? உரைநடையா, அட்டவணையும் அடிக்குறிப்பும் நிறைந்ததா? முதல் புத்தகம் நூறு பக்கத்துக்குள், தெளிவான அச்சில், உரைநடையாக இருக்கட்டும். அகராதி, நிகண்டு, இரண்டு பத்தியில் அச்சான புத்தகம், சின்ன எழுத்தில் உரையும் பாட்டும் கலந்து வருவது, இவற்றையெல்லாம் கை பழகிய பிறகு எடுத்துக்கொள்ளலாம். 1978-ல் எழுத்துச் சீர்திருத்தம் வருவதற்கு முன் அச்சான நூல்களில் லை, னை, ணை எல்லாம் தும்பிக்கை வைத்த பழைய வடிவத்தில் இருக்கும், றா, னா, ணாவும் வேறு மாதிரி இருக்கும், அங்கே ஓசிஆர் ரொம்பத் தடுமாறும். அப்படிப்பட்ட நூல் உங்களுக்குப் பிடித்திருந்தால் எடுங்கள், ஆனால் ஒரு பக்கத்துக்கு இரண்டு மடங்கு நேரம் ஆகும் என்று தெரிந்துகொண்டு எடுங்கள்.

இதைவிட முக்கியமானது, உங்களுக்குப் படிக்கப் பிடித்த புத்தகமாக இருக்க வேண்டும். அவசரம், முன்னுரிமை என்று யாராவது பட்டியல் கொடுத்தால் மரியாதையாக வாங்கி வைத்துக்கொண்டு, உங்களுக்குப் பிடித்ததை எடுங்கள். சம்பளமில்லாத வேலையில் நமக்கு இருக்கும் ஒரே உரிமை இதுதான், அதை விட்டுக்கொடுத்தால் மிச்சம் எதுவும் தாங்காது. எங்கள் ஊர்க்காரர்களுக்கு நான் சொல்வது, சேலத்தோடு தொடர்புள்ள எழுத்திலிருந்து தொடங்குங்கள். தமிழறிஞர் தேவநேயப் பாவாணர் 1944 முதல் 1956 வரை சேலம் நகராண்மைக் கல்லூரியில் தமிழ் சொல்லிக்கொடுத்தவர். கவிஞர் பெருஞ்சித்திரனார் அங்கே அவரிடம் படித்தவர். பாவாணர் நூல்கள் நாட்டுடைமை ஆனவை. நாம் தினமும் பஸ்ஸில் போய் வருகிற ஊரில் உட்கார்ந்து ஒருவர் யோசித்து எழுதியதைத் திருத்துகிறோம் என்ற நினைப்பு வந்துவிட்டால் பக்கம் தானாக நகரும்.

கொஞ்சம் கவனமாகப் படிக்க வேண்டிய பகுதி

மனம் சலிப்பதற்குப் பெரிய காரணம் ஒரே பிழையைத் திரும்பத் திரும்பத் திருத்துவது. அதனால் முதல் ஐந்தாறு பக்கங்களை மெதுவாகப் பார்த்து, அந்தப் புத்தகத்துக்கென்று ஒரு பிழைப் பட்டியல் போடுங்கள். ஒவ்வொரு நூலுக்கும் அதன் அச்சைப் பொறுத்துப் பிழையின் சுபாவம் மாறும். ஆனால் சில பிழைகள் எங்கும் வரும்.

முதலாவது, "அவர்" என்பது "அவா்" என்று வருவது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முதலில் இருப்பது ர என்ற எழுத்தும் புள்ளியும். இரண்டாவதில் ரகரமே கிடையாது, வகரத்துக்குக் கால் போட்டு அந்தக் காலின் தலையில் புள்ளி வைத்திருக்கிறது. கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது, ஆனால் தேடினால் கிடைக்காது. கணினிக்கு அது வேறு சொல். காலுக்கு மேல் புள்ளி தமிழில் எங்குமே வராது என்பதால், காலும் புள்ளியும் சேர்ந்து வரும் இடத்தையெல்லாம் தேடி மாற்றும் கருவியில் போட்டு ஒரே அடியில் "ர்" ஆக்கிவிடலாம்.

அடுத்தது தமிழ் எண்கள். ௭ என்ற ஏழும் எ என்ற எழுத்தும், ௧ என்ற ஒன்றும் க என்ற எழுத்தும் ஒன்றுபோலவே இருக்கும், பழைய நூல்களின் பாட்டு எண்களில் இவை இடம் மாறிக் கிடக்கும். இதைப் பார்த்துப் பார்த்துத்தான் மாற்ற வேண்டும், வேறு வழியில்லை.

அப்புறம் "கௌ". கௌதமர், கௌரவம் இவையெல்லாம் "கெளதமர்", "கெளரவம்" என்று, கெ என்ற எழுத்தும் ள என்ற தனி எழுத்துமாகப் பிரிந்து வந்திருக்கும். சரி, இதையும் மொத்தமாக மாற்றிவிடலாம் என்று கை பரபரக்கும். மாற்றாதீர்கள். காவிரியைப் பற்றியோ மேட்டூர் அணையைப் பற்றியோ எழுதிய புத்தகமாக இருந்து, அதில் கெளுத்தி மீன் வந்தால்? அந்தக் கெளுத்தியில் இருப்பது உண்மையான கெவும் ளுவும். மொத்தமாக மாற்றினால் ஔகார உயிர்மெய்க்கு மேல் ஒரு உகரக் குறி தொற்றிக்கொண்டு, படிக்கவே முடியாத ஒன்று அங்கே நிற்கும். ஒவ்வொன்றாகக் காட்டிக் கேட்கச் சொல்லி மாற்றுங்கள், அரை நிமிஷம் கூட ஆகும், அவ்வளவுதான்.

இந்தப் பட்டியல் கையில் இருந்தால் இயந்திர வேலை சீக்கிரம் முடிந்து, மிச்ச நேரத்தில் நீங்கள் உண்மையாகவே புத்தகத்தைப் படித்துக்கொண்டிருப்பீர்கள். விட்டுப்போன ஒரு வரி, இடம் மாறிய ஒரு பத்தி, இதெல்லாம் அப்படிப் படிக்கும்போதுதான் கண்ணில் படும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அச்சில் ஆசிரியர் எழுதியது எதுவோ அதுதான் உரையிலும் இருக்க வேண்டும். சந்தியைத் திருத்துவது, பழைய எழுத்துமுறையை இன்றைய வழக்குக்கு மாற்றுவது, வாக்கியத்தை அழகுபடுத்துவது எல்லாம் நம் வேலை இல்லை. இதைத் தெரிந்துகொண்டால் பாதி மனப்பாரம் இறங்கிவிடும், ஏனென்றால் எது சரி என்று ஒவ்வொரு வரியிலும் தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. படத்தைப் பார், உரையைப் பார், ஒன்றாக்கு.

நேரமும் களைப்பும்

தினமும் இத்தனை பக்கம் என்று வைத்தால் ஒரு நாள் தவறியதும் குற்ற உணர்ச்சி வரும், இரண்டு நாள் தவறினால் அந்தப் பக்கமே போகத் தோன்றாது. அதற்குப் பதிலாக நேரத்தை வையுங்கள், அதுவும் சின்ன நேரம். சாப்பிட்டு முடித்துத் தூங்கப் போவதற்கு முன் அரை மணி என்றால் அரை மணிதான், ஆசை இருந்தாலும் எழுந்துவிடுங்கள். ஆசை மிச்சமிருக்கும்போது எழுந்தால் மறுநாள் உட்காரத் தோன்றும், தீர்ந்துபோன பிறகு எழுந்தால் தோன்றாது. சித்திரை வெயிலில் சேலத்தில் ராத்திரி பத்து மணிக்கும் சுவர் சூடாகத்தான் இருக்கும், அந்த மாதங்களில் நாங்கள் விடியற்காலைக்கு மாறிவிடுவோம்.

களைத்துப்போன நாளுக்கென்று தனியாக வேலை ஒதுக்கி வையுங்கள். வெற்றுப் பக்கங்களைச் சாம்பல் ஆக்குவது, பக்க எண்ணையும் தலைப்பையும் மேல்பகுதிக்கு நகர்த்துவது, வரி ஓரத்தில் உடைந்த சொற்களைச் சேர்ப்பது. இதற்கெல்லாம் மூளை அதிகம் வேண்டாம். ஆனால் அன்றைக்குப் பக்கத்தை மஞ்சள் ஆக்காதீர்கள். முழுசாகப் படிக்காமல் நிறம் மாற்றினால் எண்ணிக்கை ஏறும், பிழை உள்ளேயே உட்கார்ந்திருக்கும், பின்னால் வருகிறவர் மஞ்சளை நம்பி ஏமாறுவார். போட்டிகள் நடக்கும்போது இந்த ஆசை எல்லோருக்கும் வரும். போட்டி நல்லதுதான், புது ஆட்கள் வருவார்கள். ஆனால் படிக்காத பக்கத்துக்கு நிறம் கொடுப்பதை நான் ஒத்துக்கொள்ளவே மாட்டேன்.

துணைக்கு ஒரு ஆள்

நீங்கள் மஞ்சளாக்கிய பக்கத்தை நீங்களே பச்சையாக்க மென்பொருள் விடாது. இன்னொருவர் வேண்டும். இந்த விதியைத் தடையாக நினைக்கிறவர்கள் உண்டு, எனக்கு அது பெரிய வரம் போலத் தெரிகிறது, ஏனென்றால் அதை வைத்துத்தான் ஒரு கூட்டாளியைப் பிடிக்க முடிகிறது. என் பக்கங்களைச் சரிபார்ப்பவர் அம்மாப்பேட்டையில் இருக்கும் ஓய்வுபெற்ற தமிழாசிரியர். ஒரு பக்கத்தில் மூன்று முறை பார்த்தும் நான் விட்ட ஒற்றெழுத்தை அவர் பிடித்துவிட்டுப் போன் செய்வார்.

"கண்ணு, அந்த நாப்பத்தோராம் பக்கத்துல படத்த நல்லா பெருசாக்கிப் பாரு. புள்ளி இருக்குது, மை மங்கிப் போச்சு, அவ்வளவுதான்."

"பாத்தேனுங்க ஐயா, இருக்குதுங்க. மாத்திட்டீங்களா?"

"நீயே மாத்து. அடுத்த தடவ உன் கண்ணுக்கே படும்."

இப்படி ஒரு குரல் இருந்தால் வேலையை விடத் தோன்றாது. நீங்கள் பத்துப் பக்கம் மஞ்சளாக்குங்கள், அவர் பச்சையாக்கட்டும், அவருடைய பத்தை நீங்கள் பாருங்கள். ஊரில் ஆள் கிடைக்கவில்லை என்றால் விக்கிமூலத்தில் எல்லோரும் கூடிப் பேசும் 'ஆலமரத்தடி' பக்கத்தில் எழுதிக் கேளுங்கள், யாராவது வருவார்கள்.

யாரோ உங்கள் திருத்தத்தை மாற்றிவிட்டால், காரணமும் சொல்லவில்லை என்றால், கோபம் வரும். அன்று பதில் எழுத வேண்டாம். மறுநாள் அதற்கென்று இருக்கும் பேச்சுப் பக்கத்தில் ஸ்கேனின் பக்க எண்ணைக் கொடுத்து ஒரே ஒரு கேள்வியாகக் கேளுங்கள். பெரும்பாலும் அங்கேயே தீர்ந்துவிடும்.

முடித்த புத்தகத்தைக் கொண்டாடுங்கள்

இதை நிறையப் பேர் செய்வதில்லை. புத்தகம் முடிந்ததும் அடுத்ததைத் திறந்துவிடுகிறார்கள். கொஞ்சம் நில்லுங்கள். மின்னூலாக இறக்கி, போனில் ஏற்றி, ஒரு தடவை வாசகராகப் படியுங்கள். அப்புறம் அதைப் படிக்கக்கூடிய ஒருவருக்கு அனுப்புங்கள், தமிழ் எம்.ஏ. படிக்கும் பக்கத்து வீட்டுப் பெண்ணோ, எழுத்தைப் பெரிதாக்கினால்தான் படிக்க முடிகிற தாத்தாவோ, யாராக இருந்தாலும் சரி. பல நாட்டுடைமை நூல்கள் கடையில் சுலபமாகக் கிடைப்பதில்லை, நூலகத்தில் இருந்தால் ஒரே பிரதி இருக்கும், அதுவும் தொட்டால் உதிரும். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தில் தன்னார்வலர்கள் பழைய இலக்கியங்களைத் தட்டச்சு செய்து இணையத்தில் வைத்தார்கள், இன்று வரை அந்த உரைகளைத்தான் எத்தனையோ பேர் எடுத்துப் படிக்கிறோம். அவர்களும் ஒவ்வொரு நூலாகத்தான் முடித்தார்கள்.

கடைசியாக, ஓய்வு. பரீட்சை, கல்யாணம், உடம்பு சரியில்லை, வேலைப்பளு, எல்லாம் வரும். சொல்லாமல் மறைந்துவிட்டுப் பிறகு திரும்பி வரக் கூச்சப்படுவதைவிட, சொல்லிவிட்டுப் போவது நல்லது. புத்தகத்தின் அட்டவணைப் பேச்சுப் பக்கத்தில் ஒரு குறிப்பு வைத்துவிடுங்கள். நான் வைப்பது ஏறக்குறைய இப்படி இருக்கும்:

"62-ஆம் பக்கம் வரை மஞ்சள் ஆகிவிட்டது. 35, 36 ஸ்கேன் மங்கல், ஊதா போட்டிருக்கிறேன், வேறு பிரதி கிடைத்தால் பார்க்க வேண்டும். இந்த நூலில் 'ர்' எல்லாம் காலும் புள்ளியுமாக வருகிறது, முதலில் அதை மாற்றிவிடுங்கள். பாட்டு எண்கள் தமிழ் எண்ணில் உள்ளன, அப்படியே வையுங்கள். பொங்கல் கழித்துத்தான் வருவேன், அதற்குள் யாராவது தொடர்ந்தால் மகிழ்ச்சி, என்னைக் கேட்க வேண்டியதில்லை."