ஏசி சீசனும் பருந்து சீசனும்

நான் ஏசி மெக்கானிக். வீடு வியாசர்பாடியில், வேலை ஊர் முழுக்க. இருபது வருஷத்துக்கு மேலாக என் பகல் பொழுது அடுத்தவர் வீட்டு மொட்டை மாடிகளில்தான் போகிறது. புது ஏசி மாட்டினால் பைப்பில் இருக்கிற காற்றை இழுக்க வேக்கம் பம்ப்பை ஓடவிட்டு அரை மணி நேரம் சும்மா உட்கார வேண்டும். போனில் சார்ஜ் இல்லாத ஒரு நாள் அண்ணாந்து பார்க்க ஆரம்பித்தேன். அந்தப் பழக்கம் இன்னும் விடவில்லை.

பறவை பார்க்க விடியற்காலை ஐந்து மணிக்கு எழ வேண்டும் என்பார்கள். பருந்து விஷயத்தில் அப்படியில்லை. காலை ஏழு மணிக்கு அது செல்போன் டவரில் தோளைக் குறுக்கிக்கொண்டு, சம்பளம் வராத ஆள் மாதிரி உட்கார்ந்திருக்கும். தளமும் தார் ரோடும் சூடேறிக் காற்று மேலே கிளம்பிய பிறகுதான் அதற்கு வேலை. ஒன்பதரை, பத்துக்கு மாடியேறுங்கள். இறக்கையை அடிக்காமலே வட்டம் போட்டு மேலே போவதைப் பார்ப்பீர்கள். வெயிலுக்குத் தொப்பி போதும். பைனாகுலர் வாங்கினால் எட்டுக்கு நாற்பத்திரண்டு (8x42, எட்டு மடங்கு பெரிதாக்குவது) வாங்குங்கள். பத்து மடங்கு பெரிதாக்குவது கை நடுக்கத்தையும் பத்து மடங்காக்கும். வட்டமிடும் பறவையைத் தொடரும்போது குறுக்கே சூரியன் வந்துவிடும். அதன் பக்கம் போகிறது என்று தெரிந்ததும் கண்ணை எடுத்துவிடுங்கள். எதிர் பில்டிங் ஜன்னல் பக்கமும் திருப்பாதீர்கள். அண்ணா நகரில் ஒரு அக்கா என்னைச் செருப்பைக் காட்டி விரட்டியிருக்கிறார். அவர் மேல் தப்பே இல்லை.

அடையாளத்துக்கு முதலில் வாலைப் பாருங்கள். சென்னையில் எங்கும் தெரிகிற பழுப்புப் பறவை கள்ளப்பருந்து. அதன் வால் நுனியில் கத்தரித்தது போல ஒரு வெட்டு இருக்கும். திரும்பும்போது வாலைப் படகுத் துடுப்பு மாதிரி சாய்க்கும். வாலை விரித்துவிட்டால் அந்த வெட்டு காணாமல் போகும், ஆகவே இரண்டு மூன்று சுற்று பொறுங்கள். செம்பருந்துக்கு வால் நுனி வளைவாக இருக்கும். வெள்ளைத் தலையும் செங்கல் நிற உடம்புமாக இருக்கிற அதைத்தான் கருடன் என்று கன்னத்தில் போட்டுக்கொள்கிறோம். அதன் இளம் பறவை பழுப்பாக இருப்பதால் அதைக் கள்ளப்பருந்து என்றே எல்லாரும் தாண்டிப் போகிறார்கள். கருடனாகும் வயசு வரும்வரை அதற்குக் கும்பிடு கிடையாது.

மூன்றாவது வைரி. வல்லூறு என்றும் சொல்வார்கள். புறா அளவுதான், மேலே சாம்பல், நெஞ்சில் வரி. படபடவென்று நாலைந்து அடி, பிறகு ஒரு சறுக்கல், அப்படியே வேப்பமரத்துக்குள் போய்விடும். இதைத் தேடிக் கண்டுபிடிக்க முடியாது, காக்கையைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். காக்கைகள் ஒரு கிளையைச் சுற்றி நின்ற இடத்திலேயே கத்தினால் உள்ளே ஆந்தையோ கூகையோ இருக்கிறது. கத்திக்கொண்டே ஒன்றைத் துரத்தினால் அது வைரியாக இருக்கலாம். கோடையில் குயிலையும் இப்படித்தான் துரத்தும். நானே பல தடவை ஏமாந்திருக்கிறேன். அணில் மரத்தண்டோடு ஒட்டி அசையாமல் இருந்தால் அந்தத் தடவை ஏமாற மாட்டீர்கள். அக்காக்குயில் என்று ஒன்று உண்டு, நிறமும் பறக்கிற விதமும் அப்படியே வைரி. அதைப் பார்த்துக் குருவிகளே பயந்து ஓடுகின்றன, நாம் எம்மாத்திரம்.

மாசியிலிருந்து ஆனி வரை

எனக்கு ஏசி சீசன், அதுகளுக்குக் குஞ்சு சீசன். கள்ளப்பருந்து டவரிலும் தென்னையிலும் கூடு வைத்திருக்கும். சுள்ளி, கந்தல் துணி, எங்கள் ஆட்கள் மாடியில் விட்டுவந்த ஒயர் என்று கிடைத்ததெல்லாம் அதில் இருக்கும். குஞ்சு இருக்கிற சில வாரம் கூட்டுக்குப் பக்கத்து மாடியில் துணி காயப்போடப் போனால் பின்னந்தலையில் அடி விழும். கூட்டைக் கலைக்கக் கூடாது. 1972ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். குடை பிடித்துக்கொண்டு போங்கள், நான் ஹெல்மெட்டைக் கழற்றாமலே வேலை பார்ப்பேன். பெரும்பாலும் அது பின்னாலிருந்துதான் வரும், அதன் பக்கம் முகத்தைத் திருப்பி நின்றால் பாதி தைரியம் போய்விடும்.

வைரி கூட்டைப் பார்த்தால் காக்கைக் கூடு என்றே நினைப்போம். மரம் வெட்டுகிற ஆட்கள் வருவதும் இந்த மாதங்களில்தான். மழைக்கு முன்னால் கிளை கழிப்பது நல்லதுதான். 2016 டிசம்பரில் வர்தா புயல் எத்தனை மரத்தைச் சாய்த்தது என்று பார்த்த யாரும் அதை மறுக்க மாட்டார்கள். ஆனால் கோடாலி வைக்கும் முன் பத்து நிமிஷம் கீழே நின்று பாருங்கள். அடிமரத்தில் வெள்ளைச் சுண்ணாம்பு தெளித்த மாதிரி எச்சம், ஓணான் வால், பிய்ந்த இறகு கிடந்தால் மேலே குடும்பம் இருக்கிறது. அந்த ஒரு கிளையை மட்டும் ஒன்றரை மாதம் தள்ளிப்போடச் சொல்லுங்கள். சொன்னால் கேட்கிறார்கள், டீ வாங்கிக் கொடுத்துச் சொன்னால் இன்னும் கேட்கிறார்கள்.

கீழ்ப்பாக்கத்தில் ஒரு வீடு. போன வாரம் மாட்டின ஸ்பிளிட் ஏசியில் ராத்திரி ஆனால் கேஸ் லீக் ஆகிறது என்று போன். போய்ப் பிரஷர் பார்த்தேன், சரியாக இருந்தது. சோப்பு நுரை போட்டுப் பார்த்தேன், ஒரு குமிழிகூட இல்லை. வீட்டம்மா விடவில்லை. "தம்பி, நீ எட்டு மணிக்கு வந்து கேளு." வந்து கேட்டேன். புஸ்ஸ்ஸ் என்று நீளமான சத்தம், நிறுத்தி நிறுத்தி. ஆனால் ஏசியிலிருந்து இல்லை. பக்கத்தில் பழைய விண்டோ ஏசியைப் பிடுங்கின பொந்தை உள்பக்கம் பிளைவுட் அடித்து மூடியிருந்தார்கள், வெளிப்பக்கம் அப்படியே திறந்து கிடந்தது. மறுநாள் பகலில் சன்ஷேடில் இறங்கி எட்டிப் பார்த்தால் மூன்று கூகைக் குஞ்சுகள். மூன்றும் மூன்று சைஸ், படிக்கட்டு மாதிரி. கூகை முதல் முட்டை இட்டதுமே அடைகாக்க உட்கார்ந்துவிடும், அதனால் ஒவ்வொன்றும் வேறு வேறு நாளில் பொரியும். இதய வடிவத்தில் வெள்ளை மூஞ்சி; என்னைப் பார்த்ததும் மூன்றும் சேர்ந்து புஸ்ஸென்றன. சுற்றிலும் கறுப்பாக விரல் தடிமனில் உருண்டைகள். ஒன்றைப் பிய்த்தேன், எலி முடிக்கு நடுவில் முழு மண்டையோடு, முன்பல்லோடு.

"கேஸ் இல்லம்மா, குழந்தைங்க."

"ஐயையோ, ஆந்தையா? வீட்டுக்கு ஆகாதேப்பா."

அவர் வீட்டில் எலித்தொல்லை உண்டா என்று கேட்டேன். போன வருஷம் இருந்தது, இப்போது இல்லை என்றார். அந்த மண்டையோட்டை அவர் கையில் வைத்தேன். அதற்கு மேல் நான் பேச வேண்டியிருக்கவில்லை. குஞ்சு பறக்க ஏறக்குறைய இரண்டு மாதம் ஆகும். அதுவரை பொந்தை அடைக்க வேண்டாம், எலி மருந்து வைக்கவே வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

எலி மருந்து விஷயம் முக்கியம். கடையில் கேக் மாதிரி விற்பதில் பெரும்பாலும் புரோமடையோலோன் இருக்கும். ரத்தத்தை உறைய விடாது. தின்ற எலி உடனே சாகாமல் சில நாள் தள்ளாடித் திரியும். கூகைக்கும் பருந்துக்கும் அதைப் பிடிப்பதுதான் சுலபம், அந்த விஷம் அப்படியே இதற்கும் ஏறும். எலிக்கூண்டு வையுங்கள். ஒட்டுகிற அட்டையை மாடியில், சன்ஷேடில் திறந்து வைக்காதீர்கள். புள்ளி ஆந்தை வந்து ஒட்டிக்கொள்ளும்.

மழைக்காலம்

ஐப்பசியில் முதல் பெருமழை விட்ட சாயங்காலம் தவறவிடக் கூடாதது. மண்ணிலிருந்து ஈசல் கிளம்பும். இருபது முப்பது கள்ளப்பருந்துகள் ஒரே இடத்தில் தாழப் பறந்து, ஒவ்வொரு ஈசலையும் காலால் பிடித்து, பறந்தபடியே குனிந்து வாயில் போட்டுக்கொள்ளும். இரண்டு கை நீளத்துக்கு இறக்கை வைத்துக்கொண்டு வேர்க்கடலை கொறிக்கிற மாதிரி இருக்கும். நாள் முழுக்க மழை பெய்தால் மறுநாள் வாட்டர் டேங்க் மேல் இறக்கையை விரித்து உட்கார்ந்திருக்கும். அடிபட்டது என்று நினைத்துப் பிடிக்கப் போகாதீர்கள், காயவைக்கிறது.

தீபாவளிக்குச் சொல்ல ஒன்றுதான். பருந்துகள் கூட்டமாக ராத்தங்கும் மரம் உங்கள் தெருவில் இருந்தால் ராக்கெட்டை வேறு பக்கம் விடுங்கள்.

கார்த்திகை முதல் மாசி வரை

எனக்கு வேலை குறையும், வெளியூர் விருந்தாளி வரும் நேரம். பள்ளிக்கரணைக்குப் போங்கள், 2022இல் ராம்சார் ஈரநிலமாக, அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலமாக அறிவித்த இடம். துரைப்பாக்கம் ரேடியல் ரோட்டில் வண்டியை ஓரமாக, நிஜமாகவே ஓரமாக, நிறுத்திவிட்டுத் தண்ணீரைப் பாருங்கள், வானத்தை அல்ல. பரவிக் கிடந்த நாமக்கோழிகள் சட்டென்று நெருங்கி ஒரே கறுப்புத் திட்டாகிவிட்டால் சேற்றுப் பூனைப்பருந்து வருகிறது. கோரைக்கு மேல் ஆளுயரத்தில், இறக்கையை லேசாக மேலே தூக்கியபடி மிதந்து வரும். அடையாறு முகத்துவாரத்திலும் முட்டுக்காட்டிலும் விராலடிப்பான். அது காலை முன்னால் நீட்டித் தண்ணீரில் விழும்; மீனோடு எழும்போது மீனின் தலையை முன்பக்கமாகத் திருப்பிக்கொள்ளும், காற்று தடுக்காமலிருக்க. ஓஎம்ஆர் காலி மனைகளில் ஒரே இடத்தில் இறக்கையடித்து நிற்கிற வெள்ளைப் பறவை கருந்தோள் பருந்து. அது இங்கேயே இருப்பதுதான், இலை உதிர்ந்த மரத்தில் இப்போது நன்றாகத் தெரியும்.

படம் எடுங்கள். ஆனால் கூடு, ஆந்தைப் பொந்து இருக்கிற இடத்தை வெளியே போடாதீர்கள். ஆந்தையைப் பில்லி சூனியத்துக்குப் பிடிக்கிற ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள். போனில் அதன் குரலைப் போட்டு வரவழைப்பது, டார்ச் அடிப்பது, ட்ரோன் விடுவது எதுவும் வேண்டாம். கறித்தோல் வீசிப் பழக்குவதும் வேண்டாம். பழகின பருந்து பக்கத்து வீட்டுப் பிள்ளை கையில் இருக்கிற சிக்கன் ரோலையும் தனக்குத்தான் என்று நினைக்கும்.

பொங்கல் நாட்களில் தமிழ்நாடு முழுக்கப் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. மாடியில் கால் மணி நேரம் நின்று, பார்த்ததை எண்ணி, ஈபேர்டு ஆப்பில் போட்டால் போதும். அதே வாரம் காத்தாடியும் கிளம்பும். கண்ணாடி, நைலான் மாஞ்சாவை 2017இலேயே தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் நாடு முழுக்கத் தடை செய்தது. எங்கள் ஏரியா வானத்துக்கு அது இன்னும் முழுசாகப் போய்ச் சேரவில்லை. நான் மாடியேறினால் ஆன்டெனா, கேபிள், டேங்க் பைப்பில் சிக்கியிருக்கும் நூலையெல்லாம் சுருட்டித் துண்டு துண்டாக வெட்டிக் குப்பையில் போடுவேன். வீசி எறிந்தால் அடுத்த மரத்தில் மாட்டும்.

நூலில் சிக்கின பறவை கிடைத்தால்: பல வருஷம் முன்பு பெரம்பூரில் ஒரு வைரியை எடுத்தேன். பாவம் என்று இங்க் ஃபில்லரால் பால் ஊற்றினேன். ராத்திரிக்குள் செத்துப்போனது. பறவைக்கு மூச்சுக்குழல் வாய் நாக்குக்குப் பின்னாலேயே திறந்திருக்கும், ஊற்றினால் நேராக நுரையீரலுக்குப் போகும் என்று பிறகு ஒரு கால்நடை டாக்டர் சொன்னார். ஆகவே பால், தண்ணீர், சோறு, கறி எதுவும் கிடையாது. உயரத்தில் தொங்கினால் 101க்குப் போன் செய்யுங்கள். கைக்கு எட்டினால் தடித்த டவலைத் தலையோடு போர்த்துங்கள், இருட்டானால் அடங்கும். பயப்பட வேண்டியது அலகுக்கு அல்ல, காலுக்கு. நான் வெல்டிங் கிளவுஸ் போட்டுக்கொண்டு இரண்டு காலையும் சேர்த்துப் பிடிப்பேன். நூலை இழுக்காதீர்கள். வெளியே தொங்குவதை மட்டும் நறுக்கிவிட்டு, சதையில் புதைந்ததை டாக்டருக்கு விடுங்கள். ஓட்டை போட்ட அட்டைப்பெட்டி, அடியில் பழைய துணி, மேலே டேப். கிண்டியில் வனத்துறையிடமோ வேளச்சேரி ரோட்டில் இருக்கிற விலங்கு நல அமைப்பான புளூ கிராஸிலோ ஒப்படையுங்கள். வழியில் திறந்து செல்பி எடுக்க வேண்டாம்.

பெட்டி மேல் மார்க்கரால் கிடைத்த இடம், தேதி, நேரம் எழுதுங்கள். வெறும் "பெரம்பூர்" என்று எழுதாமல் எந்தத் தெரு, எந்த மரம் என்று எழுதுங்கள். ஆறினதும் அதே இடத்தில்தான் விட வேண்டும், ஜோடி அங்கேதான் இருக்கும்.