அங்கோரா முயலை நோகாமல் வளர்த்து நூல் நூற்கும் முறை

அங்கோரா என்ற பெயரில் இரண்டு உரோமங்கள் உண்டு. அங்கோரா ஆட்டிலிருந்து கிடைப்பது மொஹேர் எனப்படும். அங்கோரா முயலிலிருந்து கிடைப்பதுதான் அங்கோரா உரோமம். துருக்கியின் அங்காரா நகரத்துப் பழைய பெயரே இரண்டுக்கும் வந்திருப்பதால், கடைக்காரர்கள்கூட ஒன்றை மற்றொன்றாகச் சொல்லிவிடுகிறார்கள். இந்தக் கட்டுரை முயலைப் பற்றியது.

முயல் உரோமத்தைக் கையில் எடுத்தால் ஏதோ இருப்பதே தெரியாது. சிறிது நேரத்தில் உள்ளங்கை சூடாவதை வைத்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். இழையின் தடிமன் 11 முதல் 15 மைக்ரான் (ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கே ஒரு மைக்ரான்). நல்ல மெரினோ ஆட்டுக் கம்பளியே 18 முதல் 22 மைக்ரான் வரை இருக்கும். இழைக்குள் வரிசையாகக் காற்றறைகள் இருப்பதால் எடை குறைந்து, வெப்பத்தைத் தேக்கும் திறன் கூடுகிறது. ஆட்டுக் கம்பளியில் இருக்கும் பிசுக்கு இதில் இல்லை; ஆகவே முயலைச் சுத்தமாக வைத்திருந்தால் வெட்டிய உரோமத்தை அலசாமலேயே நூற்றுவிடலாம். அதாவது கூண்டில் நாம் காட்டும் அக்கறை அப்படியே நூலில் வந்து நிற்கும். முயல் அஞ்சி ஒடுங்கினாலும் நோயுற்றாலும் சிறுநீரில் நனைந்த தரையில் கிடந்தாலும், அதைக் கதிரில் (நூற்கும் சுழல்குச்சியில்) திரி பிடிக்கும்போதே விரல்கள் கண்டுபிடித்துவிடும்.

உயிருள்ள முயலைக் கட்டிப்போட்டு உரோமத்தைக் கொத்துக் கொத்தாகப் பிடுங்கும் காட்சிகள் 2013ஆம் ஆண்டு சீனப் பண்ணைகளிலிருந்து வெளிவந்தபோது, உலகெங்கும் பல ஆடை நிறுவனங்கள் அங்கோராவை வாங்குவதை நிறுத்தின. அந்தக் காட்சியைப் பார்த்தவர்கள் இந்த உரோமத்தையே வேண்டாம் என்று ஒதுக்குவது நியாயம்தான். ஆனால் பிடுங்குவது இந்தத் தொழிலுக்குத் தேவையே இல்லாத கொடுமை. ஒரு முயலுக்கு அரைமணி நேரம் ஒதுக்கிப் பொறுமையாகக் கத்தரிக்க ஒருவர் தயாராக இருந்தால் போதும். முயல் ஒரு சொட்டு இரத்தமும் சிந்தாமல் உரோமம் தரும்.

இடமும் இனமும்

அங்கோரா குளிர்நாட்டுப் பிராணி. பத்து முதல் இருபது டிகிரி வரையான வெப்பநிலையில்தான் அது நிம்மதியாக இருக்கும். முப்பதைத் தொட்டால் மூச்சிரைக்கத் தொடங்கும், அதற்கு மேல் போனால் இறந்துபோகவும் கூடும். முயலுக்கு வியர்க்காது, காதுகளின் வழியாகத்தான் உடற்சூடு வெளியேற வேண்டும். எனவே மதுரையிலோ சென்னையிலோ இதை வளர்க்க ஆசைப்படுவது அந்த உயிருக்குச் செய்யும் துன்பம். இந்தியாவில் அங்கோரா வளர்ப்பு நிலைபெற்றிருப்பது இமாசலப் பிரதேசம், உத்தராகண்டம் போன்ற மலை மாநிலங்களில். குலு பள்ளத்தாக்கில் கர்ஸா என்ற இடத்தில் மத்திய செம்மறியாடு மற்றும் கம்பளி ஆராய்ச்சி நிறுவனத்தின் நிலையம் ஒன்று ஜெர்மன் அங்கோரா இனத்தை வளர்த்து வருகிறது. குலுச் சால்வைகளிலும் அங்கோரா நூல் சேர்கிறது. தமிழ்நாட்டில் இதற்கு இடம் கொடுக்கக்கூடியவை நீலகிரியும் கொடைக்கானல் மேல்மலையும் மட்டுமே. நான் வளர்ப்பது மேல்மலையில். இங்கேயும் ஏப்ரல், மே நண்பகலில் கூரையின் மேல் ஈரச் சாக்கு விரித்துத்தான் சமாளிக்கிறேன்.

வாங்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். வெள்ளை முயல் எல்லாம் அங்கோரா அல்ல. நம் ஊரில் எளிதாகக் கிடைக்கும் வெள்ளை ஜெயண்ட், சாம்பல் நிறச் சோவியத் சின்சில்லா ஆகியவை இறைச்சி இனங்கள். அவற்றின் உரோமம் குட்டையாகவே நின்றுவிடும். அங்கோராவிலும் பிரிவுகள் உள்ளன. இங்கிலீஷ், பிரெஞ்சு வகைகள் மூன்று நான்கு மாதங்களுக்கு ஒருமுறை தாமாகவே உரோமம் உதிர்க்கும். அப்போது சீப்பால் வாரினாலே தளர்ந்த இழைகள் வலியின்றி வந்துவிடும். ஜெர்மன் வகை பெரும்பாலும் உதிர்ப்பதில்லை. அதைக் கத்தரித்தே ஆக வேண்டும். கத்தரிக்காமல் விடுவதுதான் அதற்குக் கொடுமை. நல்ல பராமரிப்பில் ஒரு ஜெர்மன் முயல் ஆண்டுக்கு அரைக் கிலோவுக்கு மேல் உரோமம் தரும்.

கூண்டும் தீனியும்

ஒரு முயலுக்கு ஒரு கூண்டு. ஆண்களை ஒன்றாக விட்டால் கடித்துக்கொள்ளும். பெண்களை ஒன்றாக விட்டாலும் ஒன்றன் உரோமத்தை மற்றது மென்றுவிடும். பண்ணைகளில் இரண்டரை அடிக்கு இரண்டு அடி போதும் என்பார்கள். அந்த அளவில் முயல் உட்காரலாமே தவிர நீட்டிப் படுக்கவோ மூன்று எட்டுத் தாவவோ முடியாது என்பதால், நான்கடி நீளம், இரண்டரை அடி அகலம், முயல் பின்னங்காலில் நிமிர்ந்து நின்றாலும் காது இடிக்காத உயரம் என்று கட்டுவதே என் வழக்கம். புழுக்கை கீழே விழும்படி அடித்தளம் சிறுகண் கம்பிவலையாக இருக்கலாம். ஆனால் வலையின் மேலேயே நாள் முழுவதும் நின்றால் பின்னங்கால் குதியில் புண் வரும். அதனால் கூண்டின் பாதிப் பரப்பிலாவது வழவழப்பான பலகை போட வேண்டும், அதை நாள்தோறும் துடைக்கவும் வேண்டும். கூண்டின் முன் குனிந்து மூச்சை இழுத்துப் பாருங்கள். சிறுநீர் நெடி நம் கண்ணை உறுத்தினால், இரவும் பகலும் அங்கேயே மூச்சுவிடும் முயலுக்குச் சளி பிடிக்க அதிக நாள் ஆகாது.

தீனியில் முதலிடம் உலர்புல்லுக்கு. அது எப்போதும் தீராமல் இருக்க வேண்டும். அதனுடன் நாளொன்றுக்கு 120 முதல் 150 கிராம் வரை, புரதம் 16 முதல் 18 விழுக்காடு உள்ள குச்சித் தீவனம், கைப்பிடியளவு குதிரைமசால் அல்லது வேலிமசால் பசுந்தழை, சுத்தமான தண்ணீர். உரோமம் என்பதே கந்தகம் செறிந்த புரதம்தான். கத்தரித்த பிறகு வரும் முதல் மாதத்தில் உரோமம் வளரவும் உடற்சூட்டைக் காக்கவும் முயல் கூடுதலாகத் தின்னும், அப்போது தீவனத்தை அளந்து குறைக்கக் கூடாது.

உலர்புல்லை இவ்வளவு வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. முயல் தன்னையே நக்கிச் சுத்தம் செய்துகொள்ளும் பிராணி. நக்கும்போது உரோமத்தை விழுங்கும். பூனையைப் போல அதை வாந்தியெடுக்க முயலால் முடியாது. நார்ச்சத்துக் குறைந்தால் குடல் மந்தமாகி உரோமம் இரைப்பையில் பந்தாகச் சேரும். அதற்கு முன்னறிவிப்பாகப் புழுக்கைகள் சிறுத்து, உரோம இழையில் கோத்த மணிமாலை போலத் தொங்கும். அதைக் கண்டதும் குச்சித் தீவனத்தை நிறுத்தி உலர்புல்லும் தண்ணீரும் மட்டும் கொடுத்து, உரோமம் நீண்டிருந்தால் உடனே கத்தரித்துவிட வேண்டும். அரைநாள் ஒன்றும் தின்னாமல் மூலையில் குந்தியிருக்கும் முயலைக் கால்நடை மருத்துவரிடம் கொண்டு போவதில் தாமதிக்கவே கூடாது.

கத்தரித்தல்

உரோமம் மாதத்துக்கு ஏறத்தாழ இரண்டரை சென்டிமீட்டர் வளரும். எழுபத்தைந்து முதல் தொண்ணூறு நாளுக்கு ஒருமுறை கத்தரித்தால் ஆறு சென்டிமீட்டர் நீள இழை கிடைக்கும். அதற்கு மேல் விட்டால் சிக்கு விழும். குட்டிகளுக்கு முதல் கத்தரிப்பு ஏறக்குறைய இரண்டு மாத வயதில்.

முயலைக் காதைப் பிடித்துத் தூக்கவே கூடாது. ஒரு கை மார்புக்கு அடியிலும் மறு கை பின்பாகத்துக்கு அடியிலும் இருக்க வேண்டும்; தாங்கலின்றித் தொங்கினால் முயல் பயந்து உதைக்கும், அந்த உதையின் வேகத்திலேயே அதன் முதுகெலும்பு முறிந்துவிடக்கூடும். மல்லாத்திப் போட்டால் முயல் அசையாமல் கிடப்பதைப் பார்த்து அது சுகமாக இருக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். பிடிபட்ட இரை செத்ததுபோலக் கிடக்கும் அச்சநிலை அது; வேலைக்கு வசதி என்று அதைப் பயன்படுத்துவது தகாது.

மேசைமேல் சாக்கு விரித்து, முயலை நம் வயிற்றோடு அணைத்தாற்போல் உட்காரவைத்து, முதுகின் நடுவே வகிடு எடுக்க வேண்டும். முனை மழுங்கிய, வாய் கூர்மையான கத்தரிக்கோலைத் தோலோடு தோலாகப் படுத்தவாக்கில் பிடித்து, வகிட்டிலிருந்து விலாப்பக்கம் இறங்கிக்கொண்டே வெட்ட வேண்டும். இடக்கையின் வேலை உரோமத்தை இழுப்பதல்ல, தோலை நீவி விரித்துப் பிடிப்பது. முயலின் தோல் காகிதம்போல மெலிந்தது. உரோமத்தைப் பிடித்துத் தூக்கினால் தோலும் கூடாரம்போல எழும்பி வந்து கத்தரிக்குள் சிக்கும். தொடக்க காலத்தில் எனக்கு அப்படித்தான் நேர்ந்தது. விலாவோரத்தில் ஒரு சிறு சிக்கைத் தூக்கி அவசரமாக வெட்டினேன். அரை அங்குலத்துக்குத் தோல் வாய்பிளந்தது, இரத்தம்கூட அதிகம் வரவில்லை, முயல் கத்தவும் இல்லை. கத்தாதது எனக்கு ஆறுதலாக இல்லை. வலியைச் சொல்லத் தெரியாத பிராணியிடம் நாம்தான் நூறு மடங்கு கவனமாக இருக்க வேண்டும் என்பதை அன்று கற்றேன். அன்றிலிருந்து அக்குள், தொடையிடுக்கு, காதின் அடி, பெண் முயலின் காம்புகள் இருக்கும் அடிவயிறு ஆகிய இடங்களில் விரலால் தடவிப் பார்க்காமல் கத்தரியை மூடுவதில்லை. முயல் பொறுமை இழந்தால் பாதியில் நிறுத்திவிட்டு மறுநாள் தொடர்கிறேன்.

ஒரே வெட்டில் முழு நீளமும் வர வேண்டும். வெட்டிய இடத்தைச் சமப்படுத்த மறுபடி வெட்டினால் விழும் குறுந்துண்டுகள் நூலில் முடிச்சு முடிச்சாகத் துருத்தும். குளிர்காலத்தில் ஒரு சென்டிமீட்டர் உரோமத்தையாவது விட்டுவைத்து, பத்து நாளைக்குக் கூண்டில் வைக்கோல் நிரப்பிய பெட்டி வைக்க வேண்டும். முயலைக் குளிப்பாட்டக் கூடாது; நனைந்த உரோமம் சிக்காவதோடு குளிரிலும் அதிர்ச்சியிலும் முயல் இறக்கக்கூடும். வாரம் ஒருமுறை வாரிவிட்டாலே சுத்தமாக இருக்கும்.

இனப்பெருக்கத்தைப் பற்றி ஒன்றிரண்டு மட்டும் சொல்கிறேன். சினைக்காலம் 30 முதல் 32 நாள். தாய் தன் உரோமத்தைப் பறித்துக் குட்டிகளுக்கு மெத்தை போடும். அங்கோராவின் நீள உரோமம் குட்டியின் கழுத்திலும் காலிலும் சுற்றி இறுக்கிக் கொன்றுவிடக்கூடும் என்பதால், ஈனுவதற்கு முன்பே தாயைக் கத்தரித்துவிட்டு, பெட்டியில் சேரும் நீள இழைகளையும் துண்டு துண்டாக நறுக்கிப் போட வேண்டும். வயதான முயலுக்கு உரோமம் குறையும். நன்றாகப் பார்த்துக்கொண்டால் ஏழெட்டு ஆண்டு வாழும் பிராணி அது. கடைசிவரை வைத்துக்கொள்ள இடமும் தீனியும் எத்தனை முயலுக்கு உண்டோ அத்தனையோடு நிறுத்திக்கொள்வதே சரி.

நூற்றல்

கத்தரிக்கும்போதே மூன்று அட்டைப்பெட்டிகளை அருகில் வைத்துக்கொள்ளுங்கள். முதுகிலும் விலாவிலும் வரும் நீளமான சுத்தமான உரோமம் ஒன்றில், கழுத்து, வயிற்றுப் பகுதிகளின் குட்டை உரோமம் மற்றொன்றில், சிக்கு விழுந்தது மூன்றாவதில், கறைபட்டது எருக்குழிக்கு. இழைகள் ஒரே திசையில் படுத்திருக்கும்படி அடுக்கினால் பிறகு வேலை பாதியாகும். அழுத்தி அடைத்தால் தானாகவே சிக்கிக்கொள்ளும். பூச்சி வராமலிருக்க வசம்புத் துண்டுகளைத் துணியில் முடிந்து போடலாம்.

முதல்தர உரோமத்தைக் கம்பிப்பற்கள் கொண்ட சிக்கெடுக்கும் தட்டில் போட வேண்டியதுகூட இல்லை. விரலால் உதறித் தளர்த்தினால் போதும். பள்ளியில் பருத்தி நூற்ற தக்ளி நினைவிருப்பவர்களுக்கு இது எளிதாக வரும். ஆட்டுக் கம்பளிக்கான கனத்த கதிர் இதற்கு ஆகாது. இருபது கிராம் எடைக்குள் இருந்தால் நல்லது. அங்கோரா இழைக்கு நெளிவு இல்லை, மேற்பரப்பும் வழுவழுப்பு. அதனால் ஆட்டுக் கம்பளியைவிடக் கூடுதலாக முறுக்கு ஏற்றினால்தான் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். கதிரைச் சுழற்றிவிட்டு, வலக்கை விரல்களால் முறுக்கைத் தடுத்து நிறுத்தி, இடக்கையில் உள்ள உரோமத்திலிருந்து சிறிதளவு இழைகள் மட்டும் நழுவி வரும்படி மெல்ல இழுக்க வேண்டும். பிறகு வலக்கையைத் தளர்த்தினால் முறுக்கு அந்த மெல்லிய இடைவெளியில் ஓடிப் பாய்வது கண்ணுக்கே தெரியும். இழுக்கும்போது இறுகப் பிடித்தால் இழை அறும், தளர விட்டால் திரண்டு விழும். உள்ளங்கை வியர்த்தால் உரோமம் விரலோடு ஒட்டிக்கொள்ளும் என்பதால் காலை நேரமே இதற்கு உகந்தது.

ஒற்றை நூல் இரண்டைச் சேர்த்து எதிர்த்திசையில் முறுக்கினால் இரட்டைப் புரி நூலாகும். இழை உதிர்வது இதனால் பெரிதும் குறையும். தூய அங்கோரா நூலுக்கு மீள்தன்மை இல்லை, ஸ்வெட்டர் பின்னினால் தொங்கிவிடும். அணிபவரால் அதன் சூட்டையும் தாங்க முடியாது. குல்லாய்க்கும் கையுறைக்கும் அது பொருந்தும். ஸ்வெட்டருக்கு நூற்றுக்கு இருபது முப்பது பங்கு அங்கோராவும் மீதி மெரினோவுமாகச் சிக்கெடுக்கும் தட்டில் கலந்து நூற்பதே நல்லது. மேல்மலையில் மன்னவனூரில் பாரத் மெரினோ ஆடுகள் வளர்க்கப்படுவதால் அந்தக் கலவை எங்களுக்கு இயல்பாகத் தோன்றியது.

நூற்ற நூலைச் சிட்டமாக (வளையக் கட்டாக) சுற்றி, நான்கு இடத்தில் தளரக் கட்டி, வெதுவெதுப்பான நீரில் சில சொட்டு மென்மையான சோப்புத் திரவம் விட்டு ஊறவைக்க வேண்டும். காற்றறைகள் இருப்பதால் முதலில் மிதக்கும். கையால் அமிழ்த்திப் பிடித்தால் சிறிது சிறிதாக நனையும். சாயம் போடுவதானால் இந்த ஊறல் அரைமணி நேரமாவது வேண்டும்; ஆட்டுக் கம்பளியில் ஏறும் அதே சாயம் இதில் ஒரு படி வெளிறியே தெரியும். அலசியபின் துண்டில் ஒற்றி எடுத்து, சிட்டத்தின் ஒரு முனையைப் பிடித்து மேசை விளிம்பில் ஐந்தாறு முறை ஓங்கி அடித்து, பாரம் தொங்கவிடாமல் நிழலில் உலர்த்த வேண்டும். அந்த அடியில்தான் இழைநுனிகள் விடுபட்டு மேலே வரத் தொடங்கும். அங்கோராவுக்கே உரிய அந்தப் பூம்புகை போன்ற மேற்பரப்பு அப்போதும் முழுதாக வந்திருக்காது. பின்னி முடித்த குல்லாயை நான்கைந்து குளிர்க்காலைகள் தலையில் அணிந்து திரிந்த பிறகே அது நன்றாக எழும்பும்.